சிட்ரேட் பிளாஸ்மாவில் காரணி 8 ஏன் குறைகிறது: கவனித்தவற்றைப் பகிருங்கள்

சேமித்த பிளாஸ்மாவில் (ரத்தத்தின் திரவப் பகுதி) ரத்தம் உறைய உதவும் புரதமான காரணி 8 குறைவாக வந்தால் எல்லோரும் முதலில் ஃப்ரீசரைத்தான் சந்தேகிக்கிறார்கள். பல நேரம் இழப்பு அதற்கு முன்பே சிட்ரேட் உள்ள நீல மூடி டியூபில் நடந்திருக்கும். காரணி 8-இல் கனமான சங்கிலி ஒன்று, இலகுவான சங்கிலி ஒன்று. இரண்டும் பிரியாமல் இருக்க கால்சியம் போன்ற உலோக அயனிகள் வேண்டும். சிட்ரேட் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டுதான் உறைதலை நிறுத்துகிறது. அதே பிடியில் இந்த இணைப்பும் தளர்ந்துவிடுகிறது. இன்னொரு உறைதல் தடுப்பு மருந்தான ஹெபரின், ஆன்டித்ராம்பின் என்ற ரத்தப் புரதம் வழியாக வேலை செய்வதால் கால்சியம் அப்படியே இருக்கும். காரணி 8-உம் கூடுதல் நேரம் தாங்கும். ஆனால் அந்த பிளாஸ்மாவில் ஏபிடிடி (பிளாஸ்மா உறைய எடுக்கும் நேரத்தை அளக்கும் சோதனை) போட முடியாதே.

---

சிட்ரேட் பிளாஸ்மாவில் கால்சியத்தைத் திருப்பிச் சேர்த்து வைக்கலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். கூடாது. ஏபிடிடியில் கடைசியாக 0.025 மோலார் கால்சியம் குளோரைடு விடுவதே உறைய வைக்கத்தான். ஹெபரின் போன்ற தடுப்பு எதுவும் இல்லாமல் சேர்த்தால் உறைய வைக்கும் நொதியான த்ராம்பின் உருவாகி பிளாஸ்மா கட்டியாகிவிடும்.

அளவிலும் கவனம் வேண்டும்: 3.2% சிட்ரேட் ஒரு பங்கு, ரத்தம் ஒன்பது பங்கு. ஹீமட்டோக்ரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) 55%-ஐத் தாண்டினால் பிளாஸ்மா குறைவு, சிட்ரேட் மிச்சம். அந்த மிச்சம் சோதனையில் விடும் கால்சியத்தையும் விழுங்கி, காரணிகள் நன்றாக இருந்தாலும் ஏபிடிடியை நீட்டிக் காட்டும். தேவையான சிட்ரேட் அளவுக்கான சூத்திரம்: 0.00185 × (100 − ஹீமட்டோக்ரிட்) × ரத்த அளவு. ஹீமட்டோக்ரிட் 60%, ரத்தம் 4.5 மிலி என்றால் 0.33 மிலி போதும், 0.5 மிலி சிட்ரேட் உள்ள டியூபிலிருந்து 0.17 மிலியை முன்கூட்டியே எடுத்துவிட வேண்டும்.

---

இதைவிட மோசமான வலை, ஊதா மூடி டியூபின் பிளாஸ்மா பெயர் ஒட்டாத குப்பிக்குள் போவது. அந்த டியூபில் உள்ள ஈடிடிஏ கால்சியத்தை இன்னும் இறுக்கமாகப் பிடிக்கும். காரணி 5, 8 இரண்டும் சரியும். சாதாரண பிளாஸ்மாவோடு கலந்து பார்த்தாலும் நேரம் முழுதாகத் திருந்தாததால் நோயாளியின் ரத்தத்தில் காரணியை முடக்கும் தடுப்பான் இருப்பதுபோல் தெரியும். நோயாளிக்கு இல்லாத நோயை எழுதிவிடும் அபாயம் இது. சந்தேகம் வந்தால் அதே பிளாஸ்மாவில் பொட்டாசியம் அளவைச் சோதியுங்கள்; ஊதா டியூபில் ஈடிடிஏ பொட்டாசியம் உப்பாகவே இருக்கும். நம்ப முடியாத உயரத்தில் இருந்தால் டியூப் மாறியிருக்கிறது.

---

ஃப்ரீசரில் உறைய வைப்பதென்றால் சென்ட்ரிஃப்யூஜில் இரண்டு முறை சுற்றுங்கள்: 1500 ஜி, 15 நிமிடம். பிளாஸ்மாவை பிளாஸ்டிக் டியூபுக்கு மாற்றி மறுபடியும் சுற்றி, அடியில் கொஞ்சம் விட்டுவிட்டு எடுக்க வேண்டும். பிளேட்லெட் மைக்ரோலிட்டருக்கு 10,000-க்குக் கீழே இருக்கட்டும். ஏபிடிடிக்கான சாம்பிளை நான்கு மணி நேரத்துக்குள் பிரித்து உறைய வையுங்கள். மூடியைத் திறந்து வைத்தால் கார்பன் டை ஆக்சைடு வெளியேறி பிஎச் ஏறும், அதுவும் முடிவைக் கெடுக்கும்.

உருக்குவது 37 டிகிரி தண்ணீரில், சுமார் ஐந்து நிமிடம். ஃப்ரிட்ஜில் மெதுவாக உருக விட்டால் அடியில் வெண்மையான பிசிறு படியும். காரணி 8, வான் வில்பிராண்ட் காரணி, ஃபைப்ரினோஜன் என்ற உறைதல் புரதங்கள் மூன்றும் அதற்குள்தான் இருக்கும். மேலே தெளிந்ததை மட்டும் பிப்பெட்டில் எடுத்தால் குறைவு வராமல் என்ன செய்யும்?