புதுப்பிப்பு: மொரிஸ் மைனரின் இரட்டை எஸ்.யு. காபரேட்டர்கள்

மட்டக்களப்பிலுள்ள எனது 1098 சிசி மொரிஸ் மைனர் காரில், பெற்றோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் ஒற்றைக் காபரேட்டருக்குப் பதிலாக 1¼ அங்குல எஸ்.யு. வகைக் காபரேட்டர்கள் இரண்டைப் பொருத்தியபின், ஐட்லிங்கில் (அக்சிலரேட்டரை மிதிக்காமல் மெதுவாக ஓடும்போது) எஞ்சின் குலுங்குவதாகச் சென்ற மாதம் எழுதியிருந்தேன். நான் சந்தேகித்த, பெற்றோலின் அளவைக் கட்டுப்படுத்தும் ஊசிகளில் குற்றமில்லை. பின்பக்கக் காபரேட்டரின் திரொட்டில் தண்டு (காற்று வழியைத் திறந்து மூடும் தகட்டைத் தாங்கும் தண்டு) தேய்ந்து, அதன் வழியே காற்று உட்புகுந்ததே காரணம். கல்முனையில் ஒரு லேத் பட்டறையில் புதிய புஷ் (தண்டு சுழலும் உலோக வளையம்) இட்டுத் திருத்தினேன்.

பிறகு, இரண்டையும் இணைக்கும் தண்டைத் தளர்த்தி, ஒவ்வொன்றின் வாயிலும் இறப்பர்க் குழாயை வைத்து, காற்றின் சீறல் ஒரே அளவாகக் கேட்கும்வரை திருகுகளைச் சரிசெய்தேன். எஞ்சின் நன்கு சூடான நிலையில் காபரேட்டருக்குள் ஏறியிறங்கும் பிஸ்டனை 1/32 அங்குலம் மட்டும் உயர்த்திப் பார்த்தபோது, முன்பக்கக் காபரேட்டரில் எஞ்சின் வேகம் கூடி அப்படியே நின்றதால் கலவையில் பெற்றோல் மிகுதி எனத் தெரிந்தது; பெற்றோலின் அளவை மாற்றும் ஜெட் நட்டை அதன் ஆறு முகங்களில் இரண்டு முகமளவு மேலே திருப்பியதும், வேகம் சற்றே கூடி உடனே பழைய நிலைக்குத் திரும்பியது. அதுவே சரியான அறிகுறி.

அக்சிலரேட்டரை மிதித்ததும் வந்த தடுமாற்றத்துக்கு நானே பொறுப்பு: பிஸ்டன் எழும் வேகத்தை எண்ணெயால் தணிக்கும் டாஷ்பொட்டில், மனைவியின் தையல் இயந்திர எண்ணெயை ஊற்றியிருந்தேன். அது மிக மெல்லியது என்பதால் பிஸ்டன் விரைந்து எழும்பி, கலவையில் கணநேரம் பெற்றோல் குறைந்துவிடும். அதைவிடத் தடித்த எஸ்ஏஈ 20 எண்ணெய்க்கு மாற்றியபின், கல்லடிப் பாலம் தாண்டிக் கல்முனைவரை ஓட்டிப் பார்த்தேன். நான்கு பிளக்குகளும் இளம் பழுப்பாக இருந்தன; கலவை சரியாக இருப்பதன் அடையாளம் அது.