உதவி தேவை: தினமும் மறைத்து எடுத்துச்செல்ல 357 மேக்னம் ரிவால்வர் வாங்கினேன், ஐந்து தோட்டாவிலேயே கை வீங்கிவிட்டது

கேட்டிவாசி:

எல்லோருக்கும் வணக்கம். ஹூஸ்டனுக்கு மேற்கே கேட்டியில் இருக்கிறேன். சின்னதாக ஒரு கடை நடத்துகிறேன். இரவு ஒரு மணிக்குப் பூட்டிவிட்டு, அன்றைய வசூலோடு தனியாக காருக்கு நடக்க வேண்டும். ஜனவரியில் ஒருநாள் பார்க்கிங்கில் இரண்டு பேர் பின்தொடர்ந்து வந்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை, ஆனால் அதற்கப்புறம் தூக்கம் சரியாக வரவில்லை. குடியுரிமை வாங்கி இரண்டு வருடம் ஆகிறது. எல்.டி.சி. அட்டையும் (கைத்துப்பாக்கி எடுத்துச்செல்ல டெக்சஸ் தரும் லைசன்ஸ்) எடுத்துவிட்டேன். அந்தத் தேர்வில் நண்பனின் 9 எம்எம் பிஸ்டலை வைத்துச் சுட்டேன், 250க்கு 231.

போன மாதம் ரூகர் எல்சிஆர், 357 மேக்னம் மாடல் வாங்கினேன். ஐந்து தோட்டா, 1.87 அங்குலக் குழல், 17 அவுன்ஸ். "அதே துப்பாக்கியில் போகும் வீரியம் குறைந்த 38 ஸ்பெஷல் தோட்டா போட்டுப் பழகுங்கள், மேக்னம் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்" என்றார் கடைக்காரர். அப்படியே செய்தேன். ரேஞ்சில் 38 ஸ்பெஷல் ஒரு பெட்டி, 50 தோட்டா, பரவாயில்லாமல் போனது. அப்புறம் மேக்னத்தை எடுத்தேன். குண்டின் எடை 125 கிரெயின். முதல் சிக்கல், தோட்டா சிலிண்டருக்குள் முழுதாக இறங்கவே இல்லை. கட்டைவிரலால் அழுத்தி எப்படியோ மூடினேன். சுட்டதும் பளிச்சென்று ஒரு தீப்பந்து, உள்ளங்கையில் சுத்தியலால் அடித்த மாதிரி வலி. ஐந்தில் இரண்டுதான் தாளிலேயே பட்டது, அதுவும் ஏழு கஜத்தில். வெற்றுக்கூடுகளைத் தள்ளினால் மூன்று வெளியே வரவில்லை, நகத்தால் நோண்டி எடுத்தேன். மறுநாள் பெருவிரல் அடி வீங்கிவிட்டது.

துப்பாக்கியில் கோளாறா, என்னிடம் கோளாறா? விற்றுவிட்டு வேறு மேக்னம் வாங்கலாமா? எது?

ரவாஇட்லி:

அண்ணா, எதற்கு இந்தக் கௌபாய் வேலை? சிக் பி365 என்ற 9 எம்எம் பிஸ்டல் வாங்குங்கள். எடை கிட்டத்தட்ட உங்கள் எல்சிஆர் அளவுதான். பத்துத் தோட்டா மேகசினில், ஒன்று சேம்பரில். கையும் வீங்காது.

பழையஇரும்பு:

இட்லி தம்பி சொல்வது தப்பில்லை. ஆனால் அவர் கேட்டது ரிவால்வர், அதற்குப் பதில் சொல்லிவிட்டு பிஸ்டலுக்கு வருவோம்.

முதலில் நல்ல செய்தி: உங்கள் துப்பாக்கியில் கோளாறு இல்லை. மேக்னம் உள்ளே இறங்காததற்குக் காரணம் அதற்கு முன் நீங்கள் சுட்ட 50 தோட்டாக்கள். 38 ஸ்பெஷலின் கூடு 1.155 அங்குலம், 357 மேக்னத்தின் கூடு 1.29. அகலம் ஒன்றுதான், நீளம்தான் வேறு. அதனால்தான் 357 துப்பாக்கியில் 38 போகும், 38 துப்பாக்கியில் 357 போகாது. 38ஐச் சுடும்போது கூடு முடியும் இடத்தில் புகைக்கரியும் ஈயமும் மோதிரம் போலப் படிந்துவிடும். அதன்மேல் நீளமான கூடு வந்து உட்காரப் பார்க்கிறது, கரி தடுக்கிறது. அழுத்தி மூடினீர்கள் பாருங்கள், அதை இனிமேல் செய்யாதீர்கள். சுட்டதும் கூடு விரிந்து அந்தக் கரியோடு இறுகிக்கொள்ளும். வெளியே வராமல் போனதற்கு அது பாதிக் காரணம்.

தீர்வு எளிது. துப்பாக்கி காலி என்று இரண்டு முறை பார்த்துக்கொள்ளுங்கள். சிலிண்டரின் ஐந்து அறையிலும் சால்வென்ட் (கரி கரைக்கும் திரவம்) விட்டுப் பத்து நிமிடம் ஊறவிடுங்கள். அப்புறம் வெண்கலப் பிரஷ். 40 காலிபர் பிரஷ் கொஞ்சம் இறுக்கமாகப் போகும், கரியைச் சுரண்ட அதுதான் சரி. எஜெக்டர் நட்சத்திரத்தின் (வெற்றுக்கூடுகளை வெளியே தள்ளும் நட்சத்திர வடிவத் தகடு) அடியிலும் துடையுங்கள், அங்கே ஒரு துளி வெடிமருந்துத்தூள் நின்றாலும் சிலிண்டர் இறுகும். அடுத்த முறை ரேஞ்சில் மேக்னத்தை முதலில் சுடுங்கள், 38ஐப் பிறகு. சோற்றுக்கு அப்புறம்தான் பாயசம் என்ற முறையை இங்கே மாற்றிக்கொள்ளுங்கள்.

கூடு வெளியே வராததற்கு மீதிப் பாதிக் காரணம், குழல் குட்டை என்பதால் அதன் கீழே இருக்கும் எஜெக்டர் தண்டும் குட்டை. 357 கூட்டை முழு நீளமும் தள்ள அதற்குத் தூரம் போதாது. குழல் வாயை வானத்தைப் பார்க்கத் தூக்கி, உள்ளங்கையால் தண்டை ஒரே அடியாகப் பட்டென்று அடியுங்கள். மெதுவாகத் தள்ளினால் கூடு நட்சத்திரத்துக்கு அடியில் போய் மாட்டிக்கொள்ளும், அப்புறம் அதை எடுப்பது தலைவலி.

கேட்டிவாசி:

மிக்க நன்றி ஐயா, இன்று இரவே சுத்தம் செய்கிறேன். உதைப்புக்கு என்ன வழி? பழகினால் சரியாகிவிடுமா?

பழையஇரும்பு:

கொஞ்சம் சரியாகும். முழுதாக ஆகாது, ஏனென்றால் அது இயற்பியல். 357 மேக்னத்தை 1935இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸனும் வின்செஸ்டரும் கொண்டு வந்தபோது, அதைச் சுட்டது ஸ்மித்தின் 'N' ஃபிரேம் என்ற பெரிய, கனமான ரிவால்வர். அன்றைக்கு யாரும் அதை அரைக் கிலோவுக்கும் குறைந்த துப்பாக்கியில் போட்டுக் கால்சட்டைப் பையில் வைக்க நினைத்திருக்க மாட்டார்கள். என்னிடம் உள்ள கனமான ஸ்மித் 686 ரிவால்வரில் மேக்னம் சுட்டால் ஒரு தள்ளு, அவ்வளவுதான். உங்களுடையதில் அதே தோட்டா உதைக்கிறது, கடிக்கிறது.

இவ்வளவு வலியைத் தாங்கி என்ன கிடைக்கிறது என்று பாருங்கள். நாலு அங்குலக் குழலில் 125 கிரெயின் மேக்னம் விநாடிக்கு 1400 அடிக்கு மேல் போகும். இரண்டு அங்குலத்துக்குக் குறைந்த குழலில் 1200க்குப் பக்கத்தில் வந்து நின்றுவிடும். மீதி வெடிமருந்து குழலுக்கு வெளியே எரிகிறது. நீங்கள் பார்த்த தீப்பந்து அதுதான். காசு கொடுத்து வாங்கிய மருந்தை வாணவேடிக்கையாக விடுகிறீர்கள். இருட்டுப் பார்க்கிங்கில் அந்த வெளிச்சம் உங்கள் கண்ணைத்தான் முதலில் கூசவைக்கும். சத்தம் 160 டெசிபலைத் தாண்டும். ரேஞ்சில் காதுக்குள் ஒன்று, மேலே ஒன்று என்று இரண்டு பாதுகாப்பும் போடுங்கள்.

ஆகவே என் தீர்ப்பு: அதே துப்பாக்கியை வைத்துக்கொள்ளுங்கள், உள்ளே 38 ஸ்பெஷல் பிளஸ் பி (வழக்கமான 38ஐவிடக் கொஞ்சம் வீரியம் கூடியது) போடுங்கள். ஸ்பீர் கோல்ட் டாட் 135 கிரெயின் குட்டைக் குழலுக்கென்றே செய்தது. ஃபெடரல் எச்எஸ்டி 130 கிரெயினும் நல்லது. பழகுவதற்கு 148 கிரெயின் வாட்கட்டர் (முனை தட்டையான பயிற்சித் தோட்டா), கைக்கு இதம்.

நைட்டியூட்டிஅக்கா:

தம்பி, நானும் இரவு வேலைக்காரிதான். டல்லாஸ் பக்கம், நர்ஸ். நான் வைத்திருப்பது அதே எல்சிஆர், ஆனால் 38 மாடல், 13.5 அவுன்ஸ். உன்னுடையது அதைவிட மூன்றரை அவுன்ஸ் கூட, எனவே நீ பிளஸ் பி சுட்டால் என்னைவிட உனக்கு வலி குறைவு. எடை கூட இருப்பது குறையில்லை, அதுதான் உன் கையைக் காப்பாற்றுகிறது.

இட்லிக்கு ஒரு பதில். எனக்கு மணிக்கட்டில் பிரச்சினை, பிஸ்டலின் ஸ்லைடை இழுக்க முடியாது. ரிவால்வருக்கு அந்த வேலை இல்லை. ஒரு தோட்டா வெடிக்காவிட்டால் மறுபடி விசையை இழுத்தால் அடுத்தது வரும். அதே சமயம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: "பெண்களுக்குச் சின்ன ரிவால்வர்தான் சுலபம்" என்று கடைகளில் சொல்வார்கள், நம்பாதீர்கள். சின்ன ரிவால்வரைச் சரியாகச் சுடுவதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம். நீண்ட கனமான விசை, குட்டிப் பார்வைக்குறி, லேசான உடம்பு. எனக்கு ஆறு மாதம் ஆனது.

கை துள்ளுவதற்கு ஒரு வைத்தியம்: காலித் துப்பாக்கியில் ஸ்நாப் கேப் (வெடிக்காத போலித் தோட்டா) போட்டு, வீட்டில் தினமும் பத்து நிமிடம் விசை இழுக்கப் பழகு. தோட்டாப் பெட்டி அந்த அறையிலேயே இருக்கக் கூடாது. ரேஞ்சில் மூன்று தோட்டாவும் இரண்டு ஸ்நாப் கேப்பும் கலந்து போட்டு, சிலிண்டரைச் சுழற்றி மூடு. வெடிக்காத இடத்தில் குழல் கீழே குத்தினால் அது துப்பாக்கியின் தப்பு இல்லை, உன் பயம். எனக்கு முதல் முறை குழல் தரையைப் பார்த்தது, வெட்கமாகப் போய்விட்டது.

எச்1பிஅப்பாவி:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். டெக்சஸில் 2021 செப்டம்பரிலிருந்து 21 வயதானவர்களுக்கு லைசன்ஸே வேண்டாம் என்கிறார்களே. நான் எச்1பியில் இருக்கிறேன். நானும் வாங்கலாமா?

பழையஇரும்பு:

வேண்டாம் தம்பி, அவசரப்படாதே. நீ சொல்வது மாநிலச் சட்டம், அதுவும் துப்பாக்கி வைத்திருக்கத் தகுதி உள்ளவர்களுக்கு மட்டும். எச்1பி, எஃப்1, எல்1 மாதிரி தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கவே கூடாது என்பது 1998இலிருந்து மத்தியச் சட்டம். வேட்டை லைசன்ஸ் இருந்தால் விலக்கு என்று ஒரு பிரிவு இருக்கிறது. அதை நம்பி இறங்குவதற்கு முன் வக்கீலிடம் காசு கொடுத்துக் கேள், எங்களிடம் ஓசியில் கேட்காதே. துப்பாக்கி வாங்கும்போது கடையில் நிரப்பும் 4473 என்ற மத்திய அரசுப் படிவத்தில் இதை நேராகவே கேட்பார்கள். அங்கே பொய் சொன்னால் கிரீன் கார்டு கனவையும் மறந்துவிட வேண்டியதுதான். கிரீன் கார்டு வந்தபின் வா, பேசுவோம்.

எச்1பிஅப்பாவி:

கிரீன் கார்டு வரிசையில் என் முறை வரும்போது எனக்குக் கைத்தடிதான் தேவைப்படும் ஐயா. நன்றி.

கேட்டிவாசி:

😀

எல்லாம் சுத்தம் செய்தேன். பிரஷ்ஷில் கறுப்பாக வந்ததைப் பார்த்து மனைவி "தோசைக்கல்லா?" என்று கேட்டாள். இப்போது மேக்னம் தடையில்லாமல் இறங்குகிறது. நேற்று ரேஞ்சில் பிளஸ் பி முப்பது சுட்டேன், ஏழு கஜத்தில் எல்லாம் ஒரு சாப்பாட்டுத் தட்டுக்குள். கையும் வலிக்கவில்லை. ஆனாலும் மனசு கேட்கவில்லை. மேக்னம் சுடவும் முடிய வேண்டும், மறைக்கவும் முடிய வேண்டும் என்றால் எதை வாங்குவது?

பழையஇரும்பு:

மனசு கேட்காது, எனக்குத் தெரியும். அப்படியானால் எஃகுக்கு வாருங்கள். ரூகர் எஸ்பி101, மூன்று அங்குலக் குழல், சுமார் 27 அவுன்ஸ். ஐந்து தோட்டாதான். ஆனால் பீரங்கி மாதிரி உறுதி, எஜெக்டர் தண்டும் நீளம், கூடு ஒழுங்காக வெளியே வரும். மேக்னம் சுட்டால் சுகமில்லை, ஆனால் சுட முடியும். கிம்பர் கே6எஸ் 23 அவுன்ஸில் ஆறு தோட்டா, விசை வெண்ணெய், விலைதான் கசப்பு. ஸ்மித் 640 ஹாமர் வெளியே தெரியாத எஃகு, பாக்கெட்டிலிருந்து எடுக்கும்போது துணியில் மாட்டாது. இவை எல்லாம் இடுப்பு பெல்ட்டுக்கானவை. 640ஐ வேண்டுமானால் பையில் போடலாம், பேன்ட் ஒரு பக்கம் இறங்கும்.

எதிர்ப்பக்கம் போய்விடாதீர்கள். ஸ்மித் 340பிடி என்று ஒன்று, ஸ்கேண்டியம் ஃபிரேம், டைட்டானியம் சிலிண்டர், 12 அவுன்ஸுக்கும் குறைவு. கையில் எடுத்தால் பொம்மை மாதிரி ஆசை வரும். 120 கிரெயினுக்குக் குறைந்த தோட்டா போடாதே என்று அதன் குழலிலேயே பொறித்திருக்கிறார்கள். என் நண்பர் அதில் மேக்னம் இரண்டு சுட்டு, மீதி மூன்றை அப்படியே இறக்கிவைத்தார்.

லேசான துப்பாக்கியில் இன்னொரு ஆபத்து. உதைப்பில் துப்பாக்கி பின்னால் பாயும், சுடாத தோட்டாக்களின் குண்டு கூட்டிலிருந்து மெல்ல முன்னால் நகரும். சிலிண்டரைத் தாண்டி மூக்கை நீட்டினால் சுழலாமல் பூட்டிக்கொள்ளும். சோதனை இது: ஐந்து போடுங்கள், ஐந்தாவதின் நீளத்தை முன்பே காலிப்பரில் அளந்து அடையாளம் வையுங்கள். நாலு சுட்டபின் அதை எடுத்து மறுபடி அளங்கள். வளர்ந்திருந்தால் அந்த பிராண்ட் உங்கள் துப்பாக்கிக்கு ஆகாது. எல்சிஆரிலும் இதைச் செய்யுங்கள், பிளஸ் பிக்கும்தான்.

ரவாஇட்லி:

எங்கே வைத்துக்கொள்கிறீர்கள் அண்ணா? ஹூஸ்டன் ஆகஸ்ட்டில் சட்டையே பாரம். பொங்கல் விழாவுக்கு வேட்டியில் வந்தால் எங்கே செருகுவீர்கள்?

நைட்டியூட்டிஅக்கா:

வேட்டியில் செருகுவது பற்றி நினைக்கவே வேண்டாம், அவிழ்ந்தால் இரண்டு அவமானம். அன்றைக்கு வீட்டில் பெட்டகத்தில் வைத்துவிட்டு வா.

பாக்கெட்டில் வைத்தால் விசையை முழுதாக மூடும் ஹோல்ஸ்டர் கட்டாயம், அந்தப் பையில் சாவி, சில்லறை, ஹால்ஸ் மிட்டாய் எதுவும் கூடாது. கதவில் 30.06 என்ற பெரிய அறிவிப்பு (மறைத்த கைத்துப்பாக்கிக்குத் தடை) இருந்தால் எல்.டி.சி. இருந்தாலும் மறைத்துக்கூட உள்ளே கொண்டுபோகாதே. பள்ளிக்கூடக் கட்டடம், 51 சதவீதம் என்று சிவப்பில் போட்ட பார் (பாதிக்கு மேல் வருமானம் மதுவில் வரும் இடம்), இரண்டும் கிடையவே கிடையாது. போலீஸ்காரர் அடையாள அட்டை கேட்டால், துப்பாக்கி உன்னிடம் இருக்கும்போது எல்.டி.சி.யையும் சேர்த்துக் கொடு. கலிபோர்னியாவுக்கும் நியூயார்க்குக்கும் நம் அட்டை செல்லாது, சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிறோமே என்று எடுத்துப் போய்விடாதே.

குழந்தைகள் இருக்கிறார்களா? இங்கே 17 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளை கையில் எட்டும்படி குண்டு போட்ட துப்பாக்கியை வைத்தால் அதுவே குற்றம். வீட்டுக்குள் நுழைந்ததும் உடம்பில் இருக்க வேண்டும், இல்லை பெட்டகத்தில் இருக்க வேண்டும். ஃபிரிட்ஜ் மேலே என்பது இடம் இல்லை.

கேட்டிவாசி:

இரண்டு பையன்கள், ஏழும் பதினொன்றும். பெட்டகம் துப்பாக்கிக்கு முன்பே வாங்கியாகிவிட்டது, மனைவியின் நிபந்தனை அது.

ஐந்தாவது தோட்டாச் சோதனை செய்தேன். கோல்ட் டாட் பிளஸ் பி அசையவில்லை. அந்த 125 கிரெயின் மேக்னம், நாலு சுட்டதும் கண்ணுக்கே தெரியும் அளவு வெளியே வந்திருந்தது. பார்த்ததும் ஆசை அடங்கிவிட்டது. எல்சிஆர் என்னிடமே இருக்கட்டும், உள்ளே 38 பிளஸ் பி. எஸ்பி101 தீபாவளிக்குப் பார்த்துக்கொள்ளலாம். இன்னொன்றும் செய்தேன்: வசூல் பணத்தை இனி இரவில் கையோடு எடுப்பதில்லை, கடையிலேயே தரையில் பதித்த பெட்டியில் போட்டுவிட்டுப் பகலில் வங்கிக்குப் போகிறேன். கார் கதவுக்கு நேரே விளக்கும் போட்டாயிற்று.

மேக்னம் இரண்டரைப் பெட்டி மிச்சம் இருக்கிறது. பழையஇரும்பு ஐயா, உங்கள் 686க்கு ஆகுமென்றால் சொல்லுங்கள், சனிக்கிழமை ரேஞ்சுக்குக் கொண்டுவருகிறேன். காசு வேண்டாம், ஐந்து தோட்டா நானும் அதில் சுட்டுப் பார்க்க வேண்டும்.

பழையஇரும்பு:

காலை ஒன்பது மணிக்கு வாருங்கள், வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடலாம். மேக்னத்தை முதலில் சுடுவோம்.