ஃப்ரீமொண்டா, மொரோ பேயா? கலிபோர்னியாவின் சின்னக் கடற்கரை ஊரில் இருந்தவர்கள் சொல்லுங்கள்

முனைக்காரி (பருத்தித்துறை):

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு 35 வயது. பருத்தித்துறையில் பிறந்து, இங்கேயே கணிதம் படிப்பிக்கிறேன். இவர் நான்கு வருடமாகக் கலிபோர்னியாவில், ஃப்ரீமொண்டில் இருக்கிறார். எனக்கும் பிள்ளைகளுக்கும் விசா கிடைத்துவிட்டது. சித்திரைக்குப் பிறகு பயணம். மகனுக்கு 11 வயது, மகளுக்கு 6.

இவ்வளவு நாளும் ஃப்ரீமொண்ட் என்றுதான் கதை. போன மாதம் இவருடைய வேலையிடத்தில், இனி முழுக்க வீட்டிலிருந்தே செய்யலாம் என்று சொல்லிவிட்டார்கள். அன்று தொடக்கம் மொரோ பே, மொரோ பே என்று ஒரே பேச்சு. சான் பிரான்சிஸ்கோவுக்கும் லொஸ் ஏஞ்சல்சுக்கும் நடுவில், பத்தாயிரத்துச் சொச்சம் பேர் வாழும் ஊர். துறைமுக வாயிலில் 177 மீற்றர் உயரத்தில் ஒரு பாறை நிற்கிறது. இவர் ஒரு சனிக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு, வள்ளங்கள் கட்டிக் கிடக்கும் துறையைப் படம் எடுத்து அனுப்பினார். "எங்கட முனை மாதிரியே இருக்கு, நீ வந்தால் ஊர் நினைவே வராது" என்றார். வீட்டு வாடகையும் ஃப்ரீமொண்டை விடக் கொஞ்சம் குறையுமாம்.

எனக்கு மனம் ஒரு பக்கம் நிற்கவில்லை. ஃப்ரீமொண்டில் தமிழ்ச் சனம் இருக்கிறது, கடை இருக்கிறது, சனி ஞாயிறில் பிள்ளைகளைத் தமிழ் வகுப்புக்கு விடலாம். எனக்கு ஸ்கூட்டி மட்டும்தான் ஓடத் தெரியும். அந்த ஊரில் நாள் முழுக்க என்ன செய்வேன்?

இன்னொன்றும் இருக்கிறது, இவரிடம் இன்னும் முழுதாகச் சொல்லவில்லை. 2004 மார்கழி 26 அன்று எனக்கு 14 வயது. ரியூசனுக்குப் போகச் சைக்கிளை எடுத்தபோதுதான் கடற்கரைப் பக்கமிருந்து சனம் ஓடி வந்தது. வகுப்பில் எனக்குப் பக்கத்தில் இருந்தவளைப் பிறகு நாங்கள் காணவில்லை. கடல் எனக்குப் பிடிக்கும். இப்போதும் பின்னேரங்களில் வெளிச்சவீட்டடியில் போய் நிற்கிறேன். ஆனால் புதுத் தேசத்தில், மொழியும் சரியாகப் பிடிபடாத இடத்தில், கடலுக்குக் கிட்டப் பிள்ளைகளைப் படுக்க வைத்துவிட்டு எனக்கு நித்திரை வருமா என்று தெரியவில்லை. அங்கே இருந்தவர்கள் யாராவது உள்ளதைச் சொல்லுங்கள்.

கரவெட்டியாள்:

பிள்ளை, நான் அந்த ஊரிலேயே 2008இல் இருந்து 2019 வரை இருந்தவள். என் கணவருக்குப் பக்கத்து நகரான சன் லூயிஸ் ஒபிஸ்போவில் வேலை. மாமி படுக்கையில் விழுந்ததால் திரும்பி வந்தோம். அதனால் நிறையச் சொல்லப் போகிறேன், பொறுமையாக வாசி.

முதலில், உன் அவர் சனிக்கிழமை போனது பிழை. சனிக்கிழமை எல்லாக் கடையும் திறந்திருக்கும், வெளியூர்ச் சனம் நிறைந்திருக்கும். ஆடி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை போகச் சொல். காலையில் அந்தப் பெரிய பாறையே தெரியாது. பனிப்புகார் அப்படி மூடும். அந்தக் கரையில் ஆழத்திலிருந்து குளிர் தண்ணீர் மேலே வருகிறது. உள்நாடு கொதிக்கும்போது கடலின் ஈரக்காற்றை இழுத்துக்கொள்கிறது. அது குளிர் தண்ணீருக்கு மேலால் வரும்போது புகாராகிவிடும். ஒரு மணித்தியாலத்துக்குள் போகக்கூடிய பாசோ றொபிள்ஸில் 38 பாகை வெயில் எரிக்க, நாங்கள் 16 பாகையில் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு இருப்போம். உன் முனையில் இறங்குவது போல அந்தக் கடலில் இறங்க முடியாது. தண்ணீர் 12, 13 பாகைதான். சோளகம் வீசும் காலம் எப்படியிருக்கும் என்று உனக்குத் தெரியும்தானே, அந்தக் காற்றைக் குளிர்ப்பெட்டிக்குள் வைத்து எடுத்தது போல இருக்கும். பதினொரு வருடமும் என் தேங்காய் எண்ணெய்ப் போத்தல் கட்டியாகவே இருந்தது. தோசைமாவை அவணுக்குள் வைத்து லைட்டைப் போட்டால்தான் புளிக்கும். முருங்கை இரண்டு தரம் வைத்தேன், இரண்டும் போய்விட்டது.

ஆனால் நண்டு! கார்த்திகைக்குப் பிறகு டன்ஜனஸ் என்ற நண்டு வரும். கையகலத்தை விடப் பெரிது, உள்ளே சதை நிறைய. திமிங்கிலங்கள் கயிற்றில் சிக்காமல் இருக்க சில வருடங்களில் பிந்தித்தான் பிடிக்க விடுவார்கள். அந்த நண்டில் நம்முடைய சரக்குத்தூள் போட்டு, முருங்கை இலைக்குப் பதிலாகக் கீரை போட்டுக் குழம்பு வைத்தால், பக்கத்து வீட்டு மீனவர் குடும்பம் சட்டியோடு கேட்கும். அந்த அம்மாதான் எனக்கு அங்கே முதல் சினேகிதி. அவர் நண்டு கொண்டுவந்து வாசலில் வைப்பார், நான் குழம்பாகத் திருப்பிக் கொடுப்பேன். பொது இறங்குதுறையில் நின்று தூண்டில் போட அனுமதிப்பத்திரம் தேவையில்லை, கரையில் நின்று போட்டால் வேண்டும். உன் அவருக்குச் சொல்லி வை.

சரி, கஷ்டமான பக்கத்துக்கு வருகிறேன். ஊருக்குள் வைத்தியசாலை இல்லை. 2016இல் ஓர் இரவு என் கணவருக்கு நெஞ்சு நோ வந்தபோது அம்புலன்சில் இருபது கிலோமீற்றர் தள்ளிச் சன் லூயிஸுக்குப் போனோம். நல்லபடியாகப் பார்த்தார்கள். ஆனால் அந்த இருபது கிலோமீற்றரை நான் மறக்கவில்லை. ஆரம்பப் பாடசாலையும் உயர்நிலைப் பாடசாலையும் ஊரிலேயே உண்டு. உன் மகனுடைய வயதுக்காரர் மட்டும் பக்கத்து லொஸ் ஓசோஸுக்குப் போக வேண்டும். கோயில் என்றால் வடக்கே லிவர்மோர் சிவா விஷ்ணு கோயில், அல்லது தெற்கே மலிபு வெங்கடேஸ்வரர். எந்தப் பக்கம் போனாலும் ஏறக்குறைய மூன்று மணித்தியாலம். நாங்கள் வருடத்தில் நான்கு தரம் போவோம். நல்லூர்த் தேருக்கு அன்று வீட்டிலேயே விளக்கேற்றிவிட்டு நான் அழுவேன். அது எல்லா வருடமும் நடந்தது.

உன் பிள்ளைகள் பாடசாலைக்குப் போன பிறகு, உன் அவர் வீட்டில்தான் இருப்பார், ஆனால் கதவைச் சாத்திக்கொண்டு கூட்டத்தில் இருப்பார். முதல் இரண்டு வருடம் எனக்குக் கார் ஓடத் தெரியாது. சன் லூயிஸுக்கு பஸ் உண்டு, விட்டால் அடுத்ததற்குக் காத்துக் கிடக்க வேண்டும். அந்த இரண்டு வருடத்தைத்தான் இப்போதும் நினைத்தால் நெஞ்சு அடைக்கும். மூன்றாம் வருடம் லைசென்ஸ் எடுத்த நாளில் நான் தனியாக ஓடிப்போய், மேட்டில் காரை நிறுத்திவிட்டு, கடலைப் பார்த்துக்கொண்டு ஒரு மணித்தியாலம் இருந்தேன். அதற்குப் பிறகுதான் அது எனக்கு ஊரானது. நீ இங்கேயே ஓட்டோ கியர் காரில் பழகு. அங்கே வலப்பக்கம் ஓடுவது ஒரு கிழமையில் வந்துவிடும், பயம் போவதற்குத்தான் நாள் எடுக்கும். குடியேறி 10 நாளுக்குள் கலிபோர்னியா லைசென்ஸ் எடுக்க வேண்டும் என்பது சட்டம்.

நீ ஆசிரியை என்பது உனக்குப் பெரிய பலம். பட்டச் சான்றிதழ்களை அங்கே ஏற்றுக்கொள்ளும் நிறுவனம் ஒன்றில் மதிப்பீடு செய்வித்தால், முதலில் பதில் ஆசிரியராகப் போக வழி உண்டு. பெறுபேற்றுப் பத்திரத்தைப் பல்கலைக்கழகத்தில் இப்போதே மூடி முத்திரையிட்டு வாங்கி வை. அங்கிருந்து கேட்டு எடுப்பதற்குள் உயிர் போய்விடும்.

மீசாலை மாமரம்:

முனை அக்கா, நீங்கள் எழுதியதில் கடைசிப் பந்திக்கு மட்டும் பதில் சொல்கிறேன். நான் ஒன்பது வயதில் போய் ஃபோர்ட் பிராக்கில் வளர்ந்தவள். மொரோ பேயிலிருந்து இன்னும் வடக்கே, ஏழாயிரம் பேர் இருக்கும் ஊர். அம்மா இப்போதும் அங்கேதான்.

2024 டிசம்பர் 5, காலை பத்தே முக்கால் போல, கேப் மெண்டசீனோவுக்கு அப்பால் கடலுக்குள் 7.0 அளவில் நிலநடுக்கம். சில நிமிடங்களில் வடக்குக் கரையோரம் முழுக்க எல்லோருடைய தொலைபேசியும் சுனாமி எச்சரிக்கையோடு அலறியது. அம்மா கடவுச்சீட்டையும் தாலிக்கொடியையும் எடுத்துக்கொண்டு மேட்டுக்கு ஏறிவிட்டார். ஏறக்குறைய ஒரு மணித்தியாலத்தில் எச்சரிக்கையை நீக்கிவிட்டார்கள், பெரிய அலை ஏதும் வரவில்லை. அம்மாவும் உங்களைப் போல 2004ஐப் பார்த்தவர், வடமராட்சி கிழக்கில் சொந்தங்களை இழந்தவர். அன்று பின்னேரம் எனக்குப் போன் எடுத்து, "பிள்ளை, எனக்கு ஆரோ முன்னுக்கே சொன்னவங்கள்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். சுமத்ராவில் நிலம் நடுங்கி இரண்டு மணித்தியாலம் கழித்துத்தானே நம் கரைக்குத் தண்ணீர் வந்தது. அந்த இரண்டு மணித்தியாலத்தில் எங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை. பசிபிக் கடலுக்கு 1949இல் இருந்தே எச்சரிக்கை நிலையம் இருக்கிறது.

ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். 1964இல் அலாஸ்கா நிலநடுக்கத்தின் அலை வட கலிபோர்னியாவின் கிரசென்ட் சிற்றியில் பத்துப் பேருக்கு மேல் கொன்றது. 2011இல் ஜப்பானிலிருந்து வந்த அலை சாண்டா குரூஸ் துறையில் படகுகளை நொறுக்கியது. வீடு எடுக்கும்போது மாநில அரசு வெளியிட்டிருக்கும் சுனாமி அபாய வலய வரைபடத்தைப் பாருங்கள். துறையடி தாழ்வு, அதற்கு மேலே மேட்டுத் தெருக்கள் இருக்கின்றன. அங்கே வீடு எடுங்கள். நிலம் பலமாக, நெடுநேரம் ஆடினால் போன் அடிக்கும் வரை பார்க்காமல் மேலே ஏற வேண்டும் என்று பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள்.

தமிழைப் பற்றி ஒரு வார்த்தை. என் பாடசாலையில் நான் ஒருத்திதான் தமிழ். ஆனால் அப்பா ஒவ்வொரு இரவும் பத்து வரி எழுத வைத்தார். இப்போது சக்ரமென்டோவில் இருக்கிறேன், இதை நானே தமிழில் தட்டச்சு செய்கிறேன். தம்பிக்கு அப்பா அதைச் செய்யவில்லை, களைத்துப் போனார். தம்பி அப்பம்மாவோடு போனில் கதைக்க நான் நடுவில் நிற்க வேண்டும். உங்கள் மகளுக்கு ஆறு வயதுதான், அவளைக் கவனியுங்கள்.

இருபாலையூரான்:

தங்கச்சி, ஒன்றே ஒன்று. வீடு வாங்குகிறேன் என்று கணவர் சொன்னால் இப்போதைக்கு மறியுங்கள். 1978இல் வந்த சட்டத்தின்படி வாங்கிய விலையில் ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்று வருட வரி. எட்டு இலட்சம் டொலருக்கு வாங்கினால் வருடம் எட்டாயிரம். வழமையான வீட்டுக் காப்புறுதியில் நிலநடுக்கம் அடங்காது, அதைத் தனியாக எடுக்க வேண்டும். 2003 மார்கழியில் அந்தப் பக்கத்தில் 6.5 அளவில் ஆடி, பாசோ றொபிள்ஸில் இரண்டு பேர் இறந்தார்கள். வருட வாடகைக்கு வீடு கிடைப்பதும் லேசில்லை, பல வீடுகளை விடுமுறைக்காரருக்கு நாள் வாடகைக்கு விடுகிறார்கள். முதல் பாடசாலை வருடத்தை ஃப்ரீமொண்டில் கழியுங்கள். நான் அங்கே ஆறு வருடமாக இருக்கிறேன். வந்த புதிதில் ஒரு தமிழ்க் குடும்பம் எங்களுக்குக் கட்டிலும் சட்டி பானையும் தந்தது, அதில் ஒரு பானை இன்னும் வீட்டில் இருக்கிறது.

முனைக்காரி (பருத்தித்துறை):

எல்லோருக்கும் நன்றி. மீசாலைத் தங்கச்சி எழுதியதை வாசித்துவிட்டு நேற்று இரவு இவருக்குப் போன் எடுத்து, அந்த மார்கழியைப் பற்றி முதல் தடவையாக முழுதும் சொன்னேன். இவர் நெடுநேரம் ஒன்றும் கதைக்கவில்லை. பிறகு, "முதலில் ஃப்ரீமொண்டுக்கே வா" என்றார்.

ஒரு வருடம் அங்கே இருந்து, நான் லைசென்ஸ் எடுத்த பிறகு, பாடசாலை விடுமுறையில் மொரோ பேக்கு நால்வருமாகப் போய் ஒரு கிழமை தங்கிப் பார்ப்பதாக முடிவு. ஆடி மாதத்தில்தான், அக்கா, புகாரோடு. நெல்லியடியில் ஓட்டோ கியர் காரில் நாளைக் காலை ஆறு மணிக்கு எனக்கு முதல் வகுப்பு.

கரவெட்டி அக்கா, நீங்கள் வீட்டில் இருப்பீர்கள் என்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு வந்து பார்க்கட்டுமா? நண்டுக் குழம்பை அந்தச் சரக்குத்தூளோடு எப்படி வைத்தீர்கள் என்று கேட்க வேண்டும், நண்டு நான் பருத்தித்துறையிலிருந்து கொண்டு வருகிறேன்.