ஜாயின்ட் ஸ்பான்சருக்கு வருமானம் இருக்கிறது, ஆனாலும் கூடுதல் ஆதாரம் கேட்டு ஆர்.எஃப்.இ. வந்திருக்கிறது. என்ன அனுப்புவது?

கேள்வி

வணக்கம். நான் அமெரிக்கக் குடிமகன், ஓஹையோவில் பிஎச்.டி. படிக்கிறேன். மனைவி மாணவர் விசாவில் வந்து மாஸ்டர்ஸ் முடித்தவர், இப்போது வேலையில்லை. 2025 கோடையில் ஐ-130 (உறவு மனு), ஐ-485 (கிரீன் கார்டு விண்ணப்பம்) இரண்டையும் ஒன்றாகவே போட்டோம். எனக்கு ஆண்டுக்கு 24,000 டாலர்தான் வருகிறது. 2025 அட்டவணைப்படி இரண்டு பேர் குடும்பத்துக்கு 26,437 வேண்டும். அதனால் மனைவியின் பெரியப்பா மகன், டாலஸில் இருக்கும் மச்சான், ஜாயின்ட் ஸ்பான்சராக, அதாவது என்னோடு கூடுதலாகப் பொறுப்பேற்பவராக, ஐ-864 என்ற ஆதரவு ஒப்பந்தப் படிவம் போட்டுக் கொடுத்தார். என் பங்குக்கு நானும் தனியாக ஒரு ஐ-864 வைத்தேன்.

மச்சான் அமெரிக்கக் குடிமகன். அவருடைய 2024 டாக்ஸ் டிரான்ஸ்கிரிப்ட் (வரித் துறை தரும் வரிக்கணக்குச் சுருக்கம்), வேலைக் கடிதம், பாஸ்போர்ட் நகல் எல்லாம் வைத்திருந்தோம். டிரான்ஸ்கிரிப்டில் மொத்த வருமானம் 99,000 டாலர். இப்போது வந்திருக்கும் கடிதத்தில், ஜாயின்ட் ஸ்பான்சரின் தனி வருமானத்துக்கு ஆதாரம் போதவில்லை, குடும்ப எண்ணிக்கையும் தெளிவாக இல்லை என்று இருக்கிறது. 99,000 எப்படிப் போதாமல் போகும்? வேறு ஸ்பான்சர் தேட வேண்டுமா? மனைவி சரியாகத் தூங்குவதே இல்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1

பதற வேண்டாம். ஆர்.எஃப்.இ. என்றால் நிராகரிப்பு இல்லை, கேட்டதைக் கொடுத்தால் கோப்பு மேலே நகரும். ஆனால் பதில் சொல்ல மூன்று விவரம் வேண்டும்.

மச்சானும் அவர் மனைவியும் சேர்ந்து டாக்ஸ் தாக்கல் செய்தார்களா? அப்படியென்றால் அந்த 99,000-ல் மச்சானுடையது எவ்வளவு? அவர் இதற்கு முன்னால் வேறு யாருக்காவது ஐ-864 கையெழுத்துப் போட்டிருக்கிறாரா?

மூன்றாவதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

கேட்டவர்

நன்றி. சேர்ந்துதான் தாக்கல் செய்தார்கள். டபிள்யூ-2 (வேலை கொடுப்பவர் தரும் ஆண்டுச் சம்பளச் சான்று) படி மச்சானுக்கு 58,000, அவர் மனைவி அக்காவுக்கு 41,000. இரண்டு பிள்ளைகள், இருவரும் சின்னவர்கள்.

மூன்றாவது கேள்விக்கு மச்சானிடம் போனில் கேட்டேன். 2019-ல் பெரியப்பா, பெரியம்மாவுக்கு கிரீன் கார்டு எடுத்தபோது அவர்தான் ஸ்பான்சர். ஆனால் அவர்கள் ஹூஸ்டனில் மகள் வீட்டில் இருக்கிறார்கள், இவருடைய டாக்ஸிலும் இல்லை. அதனால் முன்பு ஸ்பான்சர் செய்தவர்களுக்கான கட்டத்தில் பூஜ்யம் போட்டாராம். குடும்பம் நான்கு, என் மனைவி ஒன்று, மொத்தம் ஐந்து. ஐந்துக்கு 47,062, அவரிடம் 58,000 இருக்கிறது. இதுதான் எங்கள் கணக்கு.

பதில் 2

சிக்கல் எங்கே என்று தெரிந்துவிட்டது. இரண்டு இடத்தில் இருக்கிறது.

முதலாவது சுலபம். கணவன் மனைவி சேர்ந்து தாக்கல் செய்த டாக்ஸில் டிரான்ஸ்கிரிப்ட் கூட்டுத் தொகையைத்தான் காட்டும். அக்கா கையெழுத்துப் போடாதவரை அவருடைய 41,000 கணக்கில் வராது. அதிகாரிக்கு மச்சானுடைய பங்கு எவ்வளவு என்று பார்க்க வழியே இல்லை. தன் வருமானத்தை மட்டும் காட்டுகிறவர் டிரான்ஸ்கிரிப்டோடு தன்னுடைய டபிள்யூ-2-வையும் வைக்க வேண்டும். அதுதான் விடுபட்டிருக்கிறது.

இரண்டாவது தலைக்கணக்கு. ஏற்கெனவே ஐ-864 போட்டுக் கூட்டிவந்தவர்கள் எங்கே குடியிருந்தாலும், யார் சாப்பாடு போட்டாலும், அந்தப் பொறுப்பு முடியும்வரை ஸ்பான்சரின் எண்ணிக்கையில் வருவார்கள். ஆக மச்சான், அக்கா, இரண்டு பிள்ளைகள், பெரியப்பா, பெரியம்மா, உங்கள் மனைவி. ஏழு பேர்.

2025 வறுமைக்கோட்டு அட்டவணையில், அலாஸ்கா, ஹவாய் தவிர்த்த 48 மாநிலங்களுக்கு ஒருவருக்கு 15,650, கூடும் ஒவ்வொருவருக்கும் 5,500. ஏழு பேருக்கு 48,650. ஸ்பான்சர் அதில் 125 விழுக்காடு காட்ட வேண்டும், அது 60,812. மச்சானின் 58,000 அங்கே 2,812 டாலர் குறைகிறது. ஐந்து என்று வைத்தால் தாராளம், ஏழு என்றால் பற்றாது.

உங்களுடைய 24,000-ஐ இதோடு கூட்ட முடியாது. ஜாயின்ட் ஸ்பான்சர் தன் குடும்பத்தின் பலத்தில் மட்டுமே தேற வேண்டும். இரண்டாவது ஜாயின்ட் ஸ்பான்சரைச் சேர்த்து இரண்டு பேர் வருமானத்தைக் கூட்டலாம் என்றும் சிலர் சொல்வார்கள். ஒரே ஒருவருக்கு விண்ணப்பிக்கும்போது அப்படி முடியாது.

நேர்வழி, அக்கா ஐ-864ஏ, அதாவது தன் வருமானத்தையும் சேர்க்கச் சம்மதிக்கும் ஒப்பந்தம், போடுவது. ஒரே வீட்டில் இருக்கிறார்கள், அவர் டபிள்யூ-2 சேர்ந்தால் 99,000 முழுதும் கணக்கில் வரும். விஷயம் முடிந்தது.

கேட்டவர்

அங்கேதான் தயக்கம். அக்காவிடம் மச்சான் பேசினார். சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் என்பதால் அவருக்குப் பயமாக இருக்கிறது. நியாயமான பயம்தான், நான் வற்புறுத்த விரும்பவில்லை. ஊரிலிருந்து அப்பா 10,000 டாலர் அனுப்புகிறேன் என்கிறார். அதை மச்சான் கணக்கில் போட்டுச் சொத்தாகக் காட்டலாமா?

பதில் 3

தம்பி, அக்காவை வற்புறுத்தாதது நல்லது. அந்தக் கையெழுத்து என்னவென்று இரண்டு குடும்பமும் தெரிந்துகொண்டு போடுவதுதான் முறை. ஐ-864 வெறும் உத்தரவாதக் கடிதம் இல்லை. உங்கள் மனைவி வருமானத்தைப் பார்த்துக் கொடுக்கப்படும் அரசு உதவி ஏதாவது வாங்கினால், கொடுத்த அமைப்பு ஸ்பான்சரிடம் திருப்பிக் கேட்கலாம். ஐ-864ஏ போட்டவரும் அதில் சேர்ந்தவர்தான். அந்தப் பொறுப்பு எப்போது முடியும்? வந்தவர் குடியுரிமை பெற்றால், அல்லது 40 காலாண்டு (சுமார் பத்து ஆண்டு) வேலைக் கணக்கு சேர்ந்தால், அல்லது கிரீன் கார்டை விட்டு நாட்டைவிட்டே போய்விட்டால், அல்லது இறந்தால். விவாகரத்து ஆனாலும் முடியாது. இதைச் சொல்லாமல் உறவுக்காரர்களிடம் கையெழுத்து வாங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், பிறகு வரும் மனக்கசப்பு சிறியது இல்லை.

அப்பா அனுப்பும் பணம் வேண்டாம். அமெரிக்கக் குடிமகனின் மனைவி என்பதால் பற்றாக்குறையின் மூன்று மடங்கு சொத்து காட்டினால் போதும், கணக்குப்படி 8,436 டாலர்தான். ஆனால் வங்கிக் கணக்கைக் காட்டும்போது 12 மாத வரலாறு பார்ப்பார்கள். நேற்று வந்து விழுந்த தொகை யாருடையது என்ற கேள்வி வரும். மச்சானுக்கே பழைய சேமிப்பு இருந்தால் அது வேறு.

அதற்கெல்லாம் முன்னால் ஒன்று கேட்கிறேன். பெரியப்பா, பெரியம்மா 2019-ல் வந்தவர்கள் என்றால் 2024-லேயே குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும் காலம் வந்திருக்கும். யாராவது வாங்கிவிட்டார்களா?

கேட்டவர்

இதை நாங்கள் யோசிக்கவே இல்லை. பெரியம்மா 2025 பிப்ரவரியில் உறுதிமொழி எடுத்துவிட்டார். பெரியப்பா இன்னும் விண்ணப்பிக்கவில்லை.

பதில் 3

அப்படியென்றால் பெரியம்மாவுக்கான பொறுப்பு அன்றே முடிந்துவிட்டது. நீங்கள் விண்ணப்பித்தது அதற்குப் பிறகு. அவர் எண்ணிக்கையில் வரமாட்டார்.

பதில் 2

ஆமாம், இதுதான் திறவுகோல். ஏழு ஆறாகிறது. ஆறு பேருக்கு 43,150, அதன் 125 விழுக்காடு 53,937. மச்சானின் 58,000 தனியாகவே தேறிவிட்டது. அக்கா கையெழுத்தும் வேண்டாம், அப்பா பணமும் வேண்டாம்.

மச்சான் ஐ-864-ஐப் புதிதாக நிரப்பட்டும். அந்த நாளில் நடப்பில் உள்ள பதிப்பை யு.எஸ்.சி.ஐ.எஸ். (குடியேற்றத் துறை) தளத்திலிருந்தே இறக்கிக்கொள்ளுங்கள். முதல் பகுதியில் ஒரே ஜாயின்ட் ஸ்பான்சர் என்ற கட்டத்தைக் குறிக்க வேண்டும். முன்பு ஸ்பான்சர் செய்து இன்னும் பொறுப்பில் உள்ளவர்கள் என்ற இடத்தில் ஒன்று, பெரியப்பாவுக்காக. கையெழுத்து பேனாவால் போட்டதாக இருக்கட்டும், தட்டச்சு செய்த பெயர் செல்லாது.

ஆதாரமாக 2024 டிரான்ஸ்கிரிப்ட், மச்சானின் டபிள்யூ-2, சமீபத்திய பே ஸ்டப்கள், புதிய வேலைக் கடிதம், பாஸ்போர்ட் நகல், பெரியம்மாவின் குடியுரிமைச் சான்றிதழ் நகல். அந்தச் சான்றிதழை அனுமதியில்லாமல் நகல் எடுப்பது குற்றம் என்று அதிலேயே அச்சிட்டிருக்கும், அதைப் பார்த்துப் பலர் பயப்படுகிறார்கள். குடியேற்ற விண்ணப்பத்துக்கு நகல் வைப்பது முறையான பயன்பாடுதான், தாராளமாக எடுக்கலாம்.

வேலைக் கடிதத்தில் உள்ள சம்பளமும் டபிள்யூ-2-வின் முதல் கட்டத்தில் உள்ள தொகையும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். 401கே என்ற ஓய்வுக்காலச் சேமிப்பில் போடும் பணம் முதல் கட்டத்தில் கழிந்துதான் வரும். வித்தியாசம் இருந்தால் முகப்புக் கடிதத்தில் ஒரு வரி எழுதிவிடுங்கள். அந்தக் கடிதத்திலேயே ஆறு பேர் யார் யார், பெரியம்மா ஏன் இல்லை, தேவை எவ்வளவு, இருப்பது எவ்வளவு என்று எழுதுங்கள். படிக்கிறவர் கால்குலேட்டரைத் தேடக் கூடாது.

பதில் 1

இன்னொன்று. ஆர்.எஃப்.இ. தாளின் அசலையே மேலே வைத்து, எல்லாவற்றையும் ஒரே உறையில் அனுப்புங்கள். பாதியை இப்போது, மீதியை அடுத்த வாரம் என்று பிரிக்கக் கூடாது. முதலில் போனதை மட்டும் வைத்தே முடிவெடுத்துவிடுவார்கள். தாளில் உள்ள தேதி, அங்கே போய்ச் சேர வேண்டிய தேதி, நீங்கள் தபாலில் போடும் தேதி இல்லை. டிராக்கிங் எண் வாங்கிக்கொள்ளுங்கள்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. கிரீன் கார்டு வாங்கப்போகும் கணவனோ மனைவியோ முறையான அனுமதியோடு இங்கே வேலை பார்த்து, கார்டு வந்த பிறகும் அதே வேலையில் தொடர்வார் என்றால், அந்த வருமானத்தையும் சேர்த்துக் காட்டலாம். பலருக்கு ஜாயின்ட் ஸ்பான்சரே தேவைப்படாது.

கேட்டவர்

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. புதிய படிவம், டபிள்யூ-2, பெரியம்மாவின் சான்றிதழ், மூன்று பத்தியில் முகப்புக் கடிதம், எல்லாம் கெடுவுக்கு முன்பே போய்விட்டது. பதில் கிடைத்தது என்று ஆன்லைனில் நிலை மாறியிருக்கிறது. அக்காவிடம் கையெழுத்து வேண்டாம் என்று சொன்னபோது அவருக்கும் நிம்மதி, எங்களுக்கும்.

ஒரே ஒரு சந்தேகம். மச்சான் அடுத்த மாதம் வீடு மாறுகிறார். இதற்கு ஏதாவது பாதிப்பு உண்டா?

பதில் 2

வருமானக் கணக்குக்குப் பாதிப்பில்லை. உங்கள் மனைவிக்கு கிரீன் கார்டு வந்து மச்சானின் பொறுப்பு தொடங்கிய பிறகு, எப்போது வீடு மாறினாலும் 30 நாளுக்குள் முகவரி மாற்றத்தைத் தெரிவிக்கும் ஐ-865 போட வேண்டும். கட்டணம் கிடையாது, தவறினால் அபராதம் 250 டாலரில் தொடங்குகிறது. பெரியப்பாவுக்காக அவர் ஏற்கெனவே பொறுப்பில் இருப்பதால், இந்த முறையே அவர் அதைப் போட்டாக வேண்டும். இன்றே சொல்லிவிடுங்கள்.