ஆர்வி-7 வால் பகுதி: 9 ரிவெட் சாஞ்சு போச்சு, நோண்டி எடுக்கவா, அப்படியே விடவா?

வானம்பாடி_டெக்சாஸ்:

எல்லாருக்கும் வணக்கம். டல்லாஸ் பக்கம் வீட்டு கேரேஜ்ல ஆர்வி-7 (கிட் வாங்கி வீட்டுலயே கட்டுற ரெண்டு சீட் அலுமினிய விமானம்) கட்ட ஆரம்பிச்சு நாலு மாசம் ஆகுது, இப்போ வால் கிட்ல ஹாரிசாண்டல் ஸ்டெபிலைசர்ல, அதாவது வாலோட படுக்கைச் சிறகுல நிக்கிறேன். போன சனிக்கிழமை ரியர் ஸ்பார்ல (சிறகோட பின்பக்க முதுகெலும்புச் சட்டம்) அத பலப்படுத்தற நீளமான பட்டைங்கள வெச்சு ரிவெட் (தகடுகள சேத்துப் பிடிக்கற உலோக ஆணி) அடிச்சேன், எல்லாமே ஏஎன்470ங்கற உருண்டைத் தலை ரகம், தண்டு விட்டம் 1/8 இன்ச். முதல் பத்து பன்னெண்டு அழகா உக்காந்துச்சு, அப்புறம் கை அசந்துடுச்சு, பின்பக்கம் முட்டுக் குடுக்கற இரும்புக்கட்டை, அந்த பக்கிங் பார் லேசா சரிஞ்சிருக்கு, எனக்குத் தெரியவே இல்ல, திருப்பிப் பாத்தா 9 ரிவெட்டோட ஷாப் ஹெட் (அடிக்கும்போது தண்டு முனை நசுங்கி உருவாகுற தலை) ஒரு பக்கமா மடிஞ்சு கெடக்கு.

சரி எடுத்துட்டு புதுசு போட்டுடலாம்னு ஒண்ண ட்ரில் பண்ணேன். பிட் நடுவுல நிக்காம ஓடி ஓட்டையே நீள்வட்டமா ஆயிடுச்சு. அதோட கைய எடுத்துட்டேன், நாலு நாளா கேரேஜ் கதவத் திறக்கல. இது ஏதோ அலமாரின்னா விட்டுடலாம், என் பொண்ண பக்கத்து சீட்ல உக்கார வெச்சு ஓட்டப் போற விமானம், ராத்திரி படுத்தா அந்த ஓட்டதான் கண்ணுக்குள்ள வருது. மிச்சம் 8 ரிவெட்டையும் எடுக்கணுமா? அந்த ஸ்பார் இனி வேஸ்ட்டா? கட்டி முடிச்சவங்க யாராவது சொல்லுங்க.

தும்பி_ஒஹையோ:

தம்பி, மொதல்ல ட்ரில்ல எட்டாத இடத்துல வைங்க. நான் ஆர்வி-7ஏ கட்டி முடிக்க ஏழு வருஷம் ஆச்சு, இப்போ 300 மணி நேரத்துக்கு மேல பறந்தாச்சு, என் வால்லயும் சாஞ்ச ரிவெட் இருக்கு. நீங்க பண்ண பெரிய தப்பு ரிவெட்ட சாய்ச்சது இல்ல, அளக்காம ட்ரில்ல எடுத்தது. சாஞ்ச ரிவெட்ட விட கெட்டுப்போன ஓட்டை மோசம், இத ஞாபகம் வெச்சுக்கங்க.

ரிவெட்டுக்கு முக்கியமான வேலை ரெண்டு தகடும் ஒண்ணு மேல ஒண்ணு வழுக்காம தாங்குறது. அத செய்யறது ஓட்டைக்குள்ள ஊதிப்போய் இறுக்கமா நிக்கிற தண்டு, வெளிய தெரியுற தலை தண்டு கழண்டு வராம பிடிச்சுக்குது. அதனால தலை கொஞ்சம் கோணலா இருந்தாலே ரிவெட் செத்துப்போச்சுன்னு அர்த்தம் இல்ல. கணக்கு என்னன்னா ஷாப் ஹெட்டோட அகலம் தண்டு விட்டத்துல ஒன்றரை மடங்கு, உயரம் பாதி. உங்க 1/8க்கு 3/16 இன்ச் அகலம், 1/16 இன்ச் உயரம். ரிவெட் கேஜ் வெச்சு ஒவ்வொண்ணா அளங்க. அளவு தேறுதா, தலைக்கு அடியில மெல்லிசு ஃபீலர் கேஜ் (இடைவெளி பாக்கற தகடு) நுழையலையா, விரிசல் இல்லையா, அப்போ அத தொடாதீங்க. தலை தண்டு மேலயே இல்லாம ஒரேயடியா மடிஞ்சு தகட்டுல படுத்திருந்தா மட்டும் எடுங்க.

எடுக்கற விதம் சொல்றேன். உங்க ரிவெட் மாதிரி ஏடி (அலுமினியக் கலவையோட குறியீடு) ரிவெட்டோட தொழிற்சாலைத் தலையில, அதாவது செஞ்சு வரும்போதே இருக்கற தலையில, நடுவுல ஊசி குத்தின மாதிரி ஒரு சின்னக் குழி இருக்கும், அது உங்களுக்காகவே வெச்ச மாதிரி. 30 நம்பர் பிட்ட எடுக்காதீங்க, அத விட சின்னதா 40 நம்பர் போடுங்க (நம்பர் கூடினா பிட் சின்னது), ட்ரில்ல ஆன் பண்றதுக்கு முன்னாடி கையால சக்க (பிட்டப் பிடிக்கற வாய) ரெண்டு சுத்து சுத்தி பிட் குழியில உக்காந்துச்சான்னு பாருங்க, அப்புறம் மெதுவா, தலையோட கனம் வரைக்கும் மட்டும். பின் பஞ்ச்ச (மெல்லிசு கம்பி மாதிரி இருக்கற கருவி) அதுல விட்டு பக்கவாட்டுல நெம்பினா தலை டக்குன்னு கழண்டு வந்துடும். பின்னாடி ஓட்டை போட்ட ஒரு மரக்கட்டைய முட்டுக் குடுத்துட்டு தண்ட தட்டி வெளிய தள்ளுங்க. வரலன்னா ஓங்கி அடிக்காதீங்க, தகடு வளைஞ்சிடும், அதே 40 பிட்டால தண்டுக்குள்ள இன்னும் கொஞ்சம் இறங்குங்க, இறுக்கம் விட்டுடும்.

நீள்வட்டமான ஓட்டைக்கு, 5/32க்கு பெருசாக்குனா வட்டமா வந்துடுமான்னு பாருங்க. வந்தாலும் ஓட்டை நடுவுல இருந்து தகட்டோரம் வரைக்கும் விட்டத்துல ரெண்டு மடங்கு, அதாவது 5/16 இன்ச் இருந்தே ஆகணும். அதையும் நீங்களா முடிவு பண்ணாதீங்க, ஸ்பார் விஷயம், போட்டோவும் அளவும் சேத்து கிட் கம்பெனி சப்போர்ட்டுக்கு எழுதிக் கேளுங்க. புது ஸ்பார் வாங்கச் சொன்னா வாங்கிடுங்க, மொத்த செலவுல அது ஒண்ணுமே இல்ல.

இன்னொண்ணு, காத்து அழுத்தம் எவ்ளோ வெச்சிருந்தீங்க?

வானம்பாடி_டெக்சாஸ்:

ரொம்ப நன்றிண்ணே. கம்ப்ரஸர் கேஜ்ல 90 பிஎஸ்ஐ காட்டுச்சு, அப்படியேதான் அடிச்சேன்.

தும்பி_ஒஹையோ:

அதான் காரணம். 1/8 ரிவெட்டுக்கு 40 பக்கம் போதும். 90ல ரிவெட் கன் (காத்துல ஓடுற சுத்தியல்) துள்ளும், பார் எகிறும், சரி பண்றதுக்குள்ள ரிவெட் மடிஞ்சிடும். ரிவெட் நீளமும் பாருங்க, தகடுகளோட மொத்தக் கனம் கூட்டல் விட்டத்துல ஒன்றரை மடங்கு, அதுக்கு மேல நீட்டிக்கிட்டு இருந்தா சாயத்தான் செய்யும். அதோட ஸ்பார்ல அந்த இடத்துக்கு கன்னே வேணாமே, ரிவெட்ட ரெண்டு பக்கமும் பிடிச்சு நசுக்கற ஸ்க்வீசர் நல்லாவே எட்டும், ஒரே அமுக்கு, பத்தும் ஒரே அச்சா வரும்.

மரச்சிறகு_யூகே:

நான் மரத்துல கட்டுறவன், பீட்டன்போல் ஏர் கேம்பர், 1920கள் கடைசியில மினசோட்டால ஒருத்தர் ஃபோர்டு மாடல் ஏ கார் எஞ்சின வெச்சு பறக்கவிட்ட டிசைன். அலுமினியம் பத்தி எனக்கு அதிகம் தெரியாது, ஆனா உங்க பயம் எனக்கு நல்லாத் தெரியும். ஒட்டின மூட்டுக்குள்ள என்ன நடக்குதுன்னு கண்ணால பாக்கவே முடியாது. அதுக்கு ஒரு வழி இருக்கு, ஒவ்வொரு தடவ எப்பாக்ஸி கலக்கும்போதும் அதே பசையில ரெண்டு ஸ்ப்ரூஸ் மரத் துண்ட ஒட்டி தேதி எழுதி வெச்சிடுவேன், நல்லா இறுகினதும் வைஸ்ல வெச்சு சுத்தியலால உடைப்பேன். மரம் கிழிஞ்சா பசை நல்லா இருக்கு, பசைக் கோட்டுலயே பளபளன்னு பிரிஞ்சா அன்னிக்கு ஒட்டின ரிப் (சிறகுக்கு வடிவம் குடுக்கற மரச்சட்டம்) எல்லாம் குப்பைக்கு. ஒரே ஒரு தடவ அப்படி மூணு ரிப்ப தூக்கிப் போட்டிருக்கேன், குளிர்ல கேரேஜ சூடு பண்ணாம ஒட்டினது.

நீங்களும் அதே தகடு அதே கனத்துல சில்லறைத் துண்டு ரெண்ட க்ளெக்கோ (ஓட்டையில மாட்டி தகடுகள தற்காலிகமா பிடிக்கற கிளிப்) போட்டு இறுக்கி அம்பது ரிவெட் அடிச்சுப் பாருங்க, அம்பதையும் ட்ரில் பண்ணி எடுங்க. கை பழகினப்புறம் ஸ்பாருக்கு வாங்க. இங்க எல்ஏஏ (யூகே இலகு விமானச் சங்கம்) இன்ஸ்பெக்டர் கட்டம் கட்டமா வந்து பாத்து கையெழுத்துப் போடாம அடுத்த வேலைக்குப் போக முடியாது, ஆரம்பத்துல எரிச்சலா இருந்துச்சு, இப்போ அவர் வர்ற நாளுக்குக் காத்துக்கிட்டு இருக்கேன்.

புதுசா_வந்தவன்:

நடுவுல கேக்கறதுக்கு மன்னிக்கணும். கிட் வாங்கி கட்டினா அது சொந்தமா கட்டினதுன்னு அமெரிக்காவுல ஒத்துக்கறாங்களா? இந்த மாதிரி தப்பெல்லாம் வெளிய சொன்னா சான்றிதழ் குடுக்காம விட்டுட மாட்டாங்களா?

தும்பி_ஒஹையோ:

ஒத்துக்கறாங்க. வேலையில பாதிக்கு மேல தானே கத்துக்கவும் ஆசைக்காகவும் செஞ்சதா இருக்கணும், 51 சதவீத விதின்னு சொல்லுவாங்க. அத காட்டறதுக்குத்தான் போட்டோவும் தேதியுமா பில்டர் லாக். தப்பையும் அதுல போடுங்க, நீங்களே கட்டினதுக்கு அத விட நல்ல சாட்சி கிடையாது. முடிச்சப்புறம் ரிப்பேர்மேன் சர்டிஃபிகேட் வாங்கிட்டா வருஷாவருஷம் வர்ற கண்டிஷன் இன்ஸ்பெக்ஷன அந்த விமானத்துக்கு நீங்களே செய்யலாம்.

வானம்பாடி, நம்ம யூகே நண்பர் சொன்ன மாதிரி கட்டம் கட்டமா வந்து பாக்கறது இங்க கட்டாயம் இல்ல, இருந்தாலும் இஏஏ டெக்னிகல் கவுன்சிலர கூப்பிடுங்க. 1953ல இருந்து அந்தச் சங்கம் வீட்டுல விமானம் கட்டறவங்களுக்காக இருக்கு, கவுன்சிலர்கள் தன்னார்வமா வர்றவங்க, காசு வாங்க மாட்டாங்க.

வானம்பாடி_டெக்சாஸ்:

அப்டேட் போடறேன். கவுன்சிலர் ஞாயித்துக்கிழமை வந்தார், எழுபது வயசு இருக்கும், ஸ்பார ஜன்னல் பக்கம் கொண்டு போய் வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பாத்துட்டு கேஜ எடுத்தார். 8ல 6 அளவுக்குள்ள இருக்கு, தொடாதன்னுட்டார். ரெண்ட எடுக்கணும். ஒண்ண அவர் எடுத்துக் காட்டினார், ரெண்டாவத என்னைய எடுக்கச் சொல்லிட்டு பக்கத்துலயே நின்னார். தலை கழண்டப்போ ஓட்டைய பாத்தேன், வட்டம், ஒரு கீறல் கூட இல்ல.

கெட்டுப்போன ஓட்டைக்கு ஓரம் 3/8 இன்ச்சுக்கு மேலயே இருக்கு, சப்போர்ட்டுக்கு எழுதினேன், 5/32 போட்டுக்கலாம்னு பதில் வந்துடுச்சு. சில்லறைத் தகட்டுல நேத்தோட 60 ரிவெட் அடிச்சு எடுத்திருக்கேன், கடைசி 20ல ஒண்ணு கூட சாயல. ஸ்க்வீசர் வெள்ளிக்கிழமை வருது. பொண்ணு க்ளெக்கோவ நிறம் பிரிச்சு டப்பால போட்டுட்டு இருக்கா, 3/32க்கு வெள்ளி, 1/8க்கு செம்பு, என்ன விட அவளுக்கு நல்லா ஞாபகம் இருக்கு.