நம்ம வீட்டுக் குழு: ரெண்டாவது லென்ஸ் எது?

கதிர்: மாமா, அக்கா, ஒரு லென்ஸ் விஷயம் கேக்கணும். கேமரா கேனான் டிஎஸ்எல்ஆர், 24 மெகாபிக்சல். லென்ஸ், அதுகூட வந்த 18-55 மி.மீ. ஜூம் மட்டும்தான். மலை, ஏரி, மேகமும் எடுக்கணும், பறவை, மானும் எடுக்கணும். குறைஞ்ச செலவுல இன்னும் ஒரே ஒரு லென்ஸ்தான் வாங்க முடியும். ரெண்டுக்கும் சேர்த்து 18-300 மாதிரி ஒண்ணு வாங்கிடலாமா?

பாலு மாமா: வேண்டாம் கதிர். 18லேருந்து 55 வரைக்கும் உங்கிட்ட ஏற்கெனவே இருக்கு, அதுக்கே திரும்பவும் காசு போகும். அவ்வளவு பெரிய ஜூமை ஒரே லென்ஸ்ல அடக்கும்போது 300 பக்கம்தான் கூர்மை குறையும். பறவைக்கு வேண்டியதே அந்தப் பக்கம்தான்.

மீனா அக்கா: முதல்ல ஒண்ணு பண்ணு. நீ எடுத்ததுல உனக்குப் பிடிச்ச படங்களைத் திறந்து, ஒவ்வொண்ணும் எத்தனை மி.மீ.ல எடுத்ததுன்னு பாரு. படத் தகவல்லயே இருக்கும். 18ல முட்டி நிக்குதா, 55ல முட்டி நிக்குதா?

கதிர்: பார்த்தேன் அக்கா. மலை, ஏரி பாதி 18, பாதி 24லேருந்து 35. பறவை எல்லாமே 55, அதையும் நிறைய வெட்டித்தான் வெச்சிருக்கேன்.

பாலு மாமா: அப்ப பதில் கிடைச்சிடுச்சு. டெலி, அதாவது தூரத்துல இருக்கிறதைப் பெரிசாக் காட்டுற, மி.மீ. அதிகமான லென்ஸ் வாங்கு. நிலக்காட்சிக்கு 18-55 போதும்.

பாலு மாமா: கணக்கு சொல்றேன், போட்டுப் பாரு. லென்ஸ் மி.மீ. × பறவையின் நீளம் ÷ தூரம். வர்ற விடைதான் சென்சார்மேல, அதாவது கேமராவுக்குள்ள படம் விழுற தகட்டுமேல, பறவை பிடிக்கிற இடம். மைனா அளவுப் பறவை, 25 செ.மீ., 20 மீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்குன்னு வை. 55ல 0.7 மி.மீ. கூட வராது. உன் சென்சார் அகலம் 22.3 மி.மீ., அதுல 6000 பிக்சல். அப்ப பறவைக்குக் கிடைக்கிறது 185 பிக்சல். இறகு, கண் எதுவும் தெரியாது. 250ல 3.1 மி.மீ., அதாவது 840 பிக்சல்.

கதிர்: 400 வாங்கினா?

பாலு மாமா: அதே தூரத்துல 1345. ஆனா 250ஐ வெச்சுக்கிட்டே 10 மீட்டருக்கு நெருங்கினா 1680 வரும். தூரம் பாதியானா பறவை ரெண்டு மடங்கு. மெதுவா நகர்றது, மறைவுல உட்கார்றது, பறவை தண்ணிக்கு வர்ற நேரம் தெரிஞ்சு வெச்சிருக்கிறது, இதெல்லாம்தான் காசில்லாம கிடைக்கிற மி.மீ. ஆனா கூடு கட்டியிருந்தா கிட்டப் போகவே கூடாது. தாய்ப்பறவை கூட்டை விட்டுப் போயிடலாம்.

கதிர்: சரி மாமா. எந்த மாடல்?

பாலு மாமா: கேனான் இஎஃப்-எஸ் 55-250 எஃப்/4-5.6 ஐஎஸ் எஸ்டிஎம். எஃப் எண் லென்ஸ் துவாரத்தோட அளவு, எண் கூடினா துவாரம் சின்னது. ஐஎஸ்ன்னா கை நடுக்கத்தை அடக்குற வசதி, எஸ்டிஎம்ன்னா ஃபோக்கஸ் மோட்டார் வகை. 375 கிராம்தான், நாள் முழுக்கக் கழுத்துல தொங்கினாலும் வலிக்காது. 85 செ.மீ. வரைக்கும் கிட்ட ஃபோக்கஸ் ஆகும், பட்டாம்பூச்சி, தும்பியும் எடுக்கலாம். பேர்ல கடைசியா 'எஸ்டிஎம்' இருக்கான்னு பார்த்து வாங்கு. அதுக்கு முந்தின ரெண்டு 55-250லயும் மோட்டார் சத்தம் அதிகம், ஃபோக்கஸ் ஆகும்போது முன்கண்ணாடியும் சேர்ந்து சுத்தும். போலரைசர் (பளபளப்பைக் குறைக்கிற, சுத்தி வைக்கிற ஃபில்டர்) போட்டா ஒவ்வொரு தடவையும் திருப்பி வைக்கணும். எஸ்டிஎம்ல அந்தத் தொல்லை இல்லை.

பாலு மாமா: இன்னொண்ணு. 75-300 எஃப்/4-5.6 III மலிவா நிறையக் கிடைக்கும், 300ன்னு போட்டிருக்குன்னு எடுத்துடாதே. அதுல ஐஎஸ் இல்லை, 300ல படம் மங்கலா இருக்கும், கிட்ட ஃபோக்கஸ் 1.5 மீட்டர். 250ல கூர்மையா எடுத்து வெட்டினாலே அதைவிட நல்லா வரும்.

செல்வி சித்தி: அண்ணா, என்னோடது நிக்கான் டி3300. எனக்கும் ஒரு டெலி சொல்லுங்க.

பாலு மாமா: செல்வி, உனக்கு ஏஎஃப்-பி டிஎக்ஸ் 70-300 எஃப்/4.5-6.3 விஆர். விஆர்ன்னா கேனான்ல ஐஎஸ் மாதிரி, கை நடுக்கத்தை அடக்குறது. 415 கிராம். ரெண்டு விஷயம் கவனி. இதுலயே விஆர் இல்லாத லென்ஸும் இருக்கு, ரெண்டும் பார்க்க ஒரே மாதிரி. பேர்ல 'விஆர்' எழுதியிருக்கணும். அடுத்தது, டி3300ல பழைய ஃபர்ம்வேர் (கேமராவோட உள் மென்பொருள்) இருந்தா ஃபோக்கஸ் சரியா வேலை செய்யாது, அப்டேட் பண்ணிட்டு மாட்டு. டி90, டி3000 மாதிரி பழைய பாடில ஏஎஃப்-பி லென்ஸ் ஃபோக்கஸே ஆகாது.

செல்வி சித்தி: பழைய 70-300 ஒண்ணு ரொம்பக் கம்மியா வருதே, 'ஏஎஃப்'னு மட்டும் போட்டிருக்கு.

பாலு மாமா: அது வேண்டாம்மா. உன் பாடில ஃபோக்கஸ் மோட்டார் கிடையாது. வெறும் 'ஏஎஃப்'னா கையாலதான் ஃபோக்கஸ் திருப்பணும். 'ஏஎஃப்-எஸ்' இல்லன்னா 'ஏஎஃப்-பி' இருக்கணும்.

கதிர்: மாமா, 55-250க்கு ஒரு டெலிகன்வர்ட்டர் (லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவுல மாட்டி மி.மீ.யைக் கூட்டுறது) போட்டு நீட்டிக்கலாமா?

பாலு மாமா: கேனானோட கன்வர்ட்டர், எக்ஸ்டெண்டர்னு பேரு, அதுல மாட்டவே மாட்டாது. வேற கம்பெனிது எப்படியோ மாட்டினாலும், 1.4 மடங்கு கன்வர்ட்டர் ஒரு ஸ்டாப், அதாவது பாதி வெளிச்சத்தைத் தின்னும். எஃப்/5.6 எஃப்/8 ஆயிடும், பல டிஎஸ்எல்ஆர்ல ஆட்டோஃபோக்கஸ் அதோட நின்னுடும்.

மீனா அக்கா: கதிர், நிலக்காட்சிக்கு வைட், அதாவது அகலமாக் காட்டுற லென்ஸ் இல்லையேன்னு கவலைப்படாதே. 10-18 நல்ல லென்ஸ்தான், 240 கிராம், விலையும் கம்மி. ஆனா 10 மி.மீ.ல மலை சின்ன மேடு மாதிரி ஆயிடும். முன்னாடி ஒரு பாறையோ, பூவோ, தண்ணியோ ஒரு மீட்டருக்குள்ள இருந்தாத்தான் அந்த லென்ஸுக்கு வேலை. அகலம் மட்டும் வேணும்னா 18லயே பக்கம் பக்கமா எடுத்து ஒரே படமா ஒட்டிடு. கேமராவை நெட்டா திருப்பினா ஒரு ஃபிரேம் 45 டிகிரி. மூணுல ஒரு பங்கு மேல ஏறுற மாதிரி மூணு ஃபிரேம் எடுத்தா 105 டிகிரி. 10 மி.மீ. தர்றது 96தான்.

கதிர்: நான் ஒட்டினா வானத்துல கோடு கோடா வருது அக்கா.

மீனா அக்கா: ஃபிரேமுக்கு ஃபிரேம் எக்ஸ்போஷர் (படத்துல பதியிற வெளிச்ச அளவு) மாறுது, அதான். எம் மோடு (எல்லாம் நாமே வைக்கிறது), ஒயிட் பேலன்ஸ் (நிறச் சமநிலை) 'டேலைட்', ஃபோக்கஸ் ஒரு தடவை பிடிச்சு எம்எஃப்க்கு (கையால ஃபோக்கஸ்) மாத்திடு. போலரைசரைக் கழட்டிடு, அது இருந்தா வானம் ஒரு பக்கம் கறுப்பா, ஒரு பக்கம் வெளுப்பா வரும். கிட்டத்துல செடி, வேலி இருந்தா ஒட்டுற இடம் உடையும். அலை அடிக்கிற தண்ணிலயும் அப்படித்தான். அந்த மாதிரி இடத்துக்குத்தான் உண்மையிலேயே 10-18 வேணும்.

மீனா அக்கா: ஒத்தைப் படமா எடுத்தா 18ல எஃப்/8 வெச்சு 2 மீட்டர் தள்ளி ஃபோக்கஸ் பண்ணு. ஒரு மீட்டர் சொச்சத்துலேருந்து தூரத்து மலை வரைக்கும் தெளிவா வரும். எஃப்/16, 22க்குப் போகாதே. சின்ன துவாரத்துல ஒளி சிதறி மொத்தப் படமும் மெத்துன்னு ஆயிடும்.

மீனா அக்கா: அப்புறம், டெலி பறவைக்கு மட்டும்னு நினைக்காதே. 100லேருந்து 200 மி.மீ.ல ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா மலை மடிப்பு, நடுவுல பனிமூட்டம், இதெல்லாம் அதுலதான் அழகா வரும். விடியற்காலைல எடு. மதியம் வெயில்ல தரைச் சூடு காத்தை அலையவிடும், தூரத்துல எல்லாமே நெளியும். எத்தனை விலை லென்ஸ் போட்டாலும் அதைச் சரிபண்ண முடியாது.

செல்வி சித்தி: கையில பிடிச்சு எடுத்தா ஆடாதா மீனா?

மீனா அக்கா: விஆர் இருக்கில்ல சித்தி, மலைக்கு அது போதும். ட்ரைபாட்ல வெச்சா மட்டும் அதை அணைக்கணும், சில சமயம் அதுவே ஆட்டம் கொடுக்கும். ஆனா இந்த லென்ஸ்ல விஆர் ஸ்விட்ச் கிடையாது, கேமரா மெனுவுல அணைக்க வழி இருக்கான்னு பாருங்க. இல்லன்னா ட்ரைபாட்ல ரெண்டு மூணு படமா எடுத்து, நல்லா வந்ததை வெச்சுக்கோங்க.

கதிர்: மாமா, பறவைக்கு செட்டிங்?

பாலு மாமா: ஐஎஸ் உன் கை நடுக்கத்தைத்தான் அடக்கும், பறவை அசையறதை அடக்காது. இதைப் புரிஞ்சுக்கிட்டாலே பாதிப் படம் தப்பிச்சிடும். ஷட்டர் வேகம், உட்கார்ந்த பறவைக்கு 1/500 நொடி, தலையைத் திருப்பிக்கிட்டே இருந்தா 1/1000, பறந்தா 1/2000. டிவி (Tv) மோடு, அதாவது ஷட்டர் வேகத்தை மட்டும் நாம வைக்கிறது, ஆட்டோ ஐஎஸ்ஓ (சென்சாரோட ஒளி உணர்வை கேமராவே வைக்கும்), உச்சம் 3200. நாய்ஸ் (படத்துல புள்ளி புள்ளியா வர்றது) வந்தா அப்புறம் குறைச்சுக்கலாம், ஆடின படத்தை ஒண்ணும் பண்ண முடியாது. ஃபோக்கஸ் ஏஐ சர்வோ (அசையறதை விடாமப் பின்தொடர்ற ஃபோக்கஸ்), நடுப்புள்ளி மட்டும், அதைக் கண்ணுல வை. எல்லாப் புள்ளியையும் திறந்து வெச்சா முன்னாடி இருக்கிற கிளையைத்தான் பிடிக்கும்.

பாலு மாமா: வானத்துக்கு எதிரே பறவைன்னா எக்ஸ்போஷர் +1. இல்லன்னா கறுப்பு நிழல்தான் வரும். கொக்கு மாதிரி வெள்ளைன்னா, பின்னால இருட்டா இருக்கும்போது -1.

கதிர்: செகண்ட் ஹேண்ட் வாங்கலாமா?

பாலு மாமா: இந்த லென்ஸுக்கு தாராளமா. கிட்டோட வாங்கிட்டுத் தொடாம வெச்சிருக்கிறவங்க நிறைய. பின்மூடியைக் கழட்டி, பின்பக்கத்துலேருந்து டார்ச் அடிச்சு முன்பக்கமாப் பாரு. சிலந்தி நூல் மாதிரி தெரிஞ்சா ஃபங்கஸ், விட்டுடு. பால் ஏடு மாதிரி மங்கல் இருந்தாலும் விட்டுடு. நாலஞ்சு தூசிக்குப் பயப்படாதே, படத்துல தெரியாது.

பாலு மாமா: அப்புறம் உன் பாடில மாட்டி ஒரு செங்கல் சுவருக்கு நேரா நில்லு. 55, 135, 250, மூணுலயும் முழுத் துவாரத்துல எடு. பெரிசாக்கி நாலு மூலையும் பாரு. நாலும் கொஞ்சம் மங்கலா இருந்தா இயல்பு. ஒரு பக்கம் மட்டும் மங்கினா கீழ விழுந்து உள்கண்ணாடி விலகியிருக்கு. ஷட்டரைப் பாதி அழுத்தி வ்யூஃபைண்டர்ல பாரு, 250ல காட்சி சட்டுனு நிலைச்சு நிக்கணும். அதுதான் ஐஎஸ் வேலை செய்யுதுன்னு அடையாளம். ஃபோக்கஸ் வளையம் கேமரா ஆன்ல இருக்கும்போதுதான் வேலை செய்யும். ஆஃப்ல திருப்பிப் பார்த்துட்டுக் கெட்டுப்போச்சுன்னு முடிவு கட்டாதே.

செல்வி சித்தி: வீட்டுல வெச்சாலும் ஃபங்கஸ் வருமா அண்ணா?

பாலு மாமா: வரும்மா. ஈரப்பதம் 60க்கு மேல பல வாரம் நின்னா வரும். காத்துப் புகாத டப்பா, உள்ள சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரப்பதமானி. 40லேருந்து 50க்குள்ள வை. லெதர் பைக்குள்ள பூட்டி வைக்காதே, அது ஈரத்தைப் பிடிச்சு வெச்சிருக்கும்.

கதிர்: லென்ஸைக் காப்பாத்த யூவி ஃபில்டர் போட்டுடட்டுமா?

பாலு மாமா: மலிவு யூவி டெலில கூர்மையைக் கெடுக்கும், எதிர்வெயில்ல பேய் மாதிரி ஒளிப்புள்ளியும் வரும். அதுக்குப் பதிலா ஹூட் (லென்ஸ் முன்னால மாட்டுற மறைப்பு வளையம்) போடு. கிளை இடிச்சாலும் அதுதான் முதல்ல வாங்கிக்கும். ஆனா 55-250 பெட்டியில ஹூட் வராது, இடி-63 (ET-63)ன்னு கேட்டுத் தனியா வாங்கிக்கோ.