சுரங்கக் காற்றோட்டம்: ‘ரெகுலேட்டர்’ என்பதற்குக் ‘காற்றுமடை’ சரியா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

நாம் தமிழில் எழுதிவரும் சுரங்கப் பாதுகாப்புக் கையேட்டின் காற்றோட்டப் பகுதி ‘ரெகுலேட்டர்’ என்ற ஒரு சொல்லில் வந்து நிற்கிறது. சீராக்கி, ஒழுங்கி, நெறிப்படுத்தி என்று மூன்று பரிந்துரைகள் வந்திருக்கின்றன. நான் ‘காற்றுமடை’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இந்தக் கருவியை ஒருவர் தவறாகப் புரிந்துகொண்டு கைவைத்தால், அவதிப்படுவது தூரத்தில், அவர் கண்ணில் படாத இடத்தில் வேலை செய்பவர்.

முதலில் பொருளைப் பார்த்துவிடுவோம். நிலத்தடிச் சுரங்கத்தில் ஒரு வாய் வழியாக நல்ல காற்று இறங்கும். இன்னொரு வாயில் பெரிய விசிறி இருந்து, உள்ளே சுற்றிப் பயன்பட்ட, அதாவது உழைத்த காற்றை இழுத்து வெளியே தள்ளும். இடையில் அந்தக் காற்று, வேலை நடக்கும் பல பிரிவுகளுக்குப் பிரிந்து போக வேண்டும். ஆனால் காற்று எளிதான வழியைத்தான் தேடும். வாய்க்குப் பக்கத்தில் இருக்கும் பிரிவு பெரும்பங்கை எடுத்துக்கொள்ளும். நீண்டு வளைந்து போகும் கடைசிப் பிரிவுக்கு மிச்சம்மீதிதான். இதைச் சரிசெய்ய, பக்கத்துப் பிரிவின் காற்று வெளியேறும் வழியில் குறுக்கே ஒரு செங்கல் சுவர் எழுப்பி, அதில் ஜன்னல் அளவுக்குத் திறப்பு விட்டு, நகர்த்தக்கூடிய பலகை ஒன்றைப் பொருத்துவார்கள். பலகையைத் தள்ளித் திறப்பைச் சுருக்கினால் இந்தப் பிரிவுக்குக் காற்று குறையும், தூரத்துப் பிரிவுக்குக் கூடும். அவ்வளவுதான் ரெகுலேட்டர். அதில் மோட்டார் இல்லை, விசிறி இல்லை. அது புதிதாக ஒரு பிடி காற்றையும் உண்டாக்காது.

வடக்கே ஒரு நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்த காலத்தில் நேரில் கண்டது இது. கடைசிப் பிரிவில் கரி வெட்டும் முகப்பில், காற்றின் வேகத்தை அளக்கும் அனிமோமீட்டரைப் பிடித்தேன், தகடு சுற்றவே யோசித்தது. துளை போட்ட தூசி விலகாமல் விளக்கு வெளிச்சத்தில் அப்படியே நின்றது. சட்டையைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டும் நிலையில் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். திரும்பி வந்து பார்த்தால் முதல் பிரிவின் பலகை முழுக்கத் திறந்து, ஆணியில் கம்பி போட்டுக் கட்டியிருந்தது. “புழுக்கமா இருந்துச்சு, ரெகுலேட்டரைக் கொஞ்சம் கூட்டி வெச்சோம்” என்றார்கள். அவர்கள் மேல் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வீட்டில் மின்விசிறிக்கும் ரெகுலேட்டர்தானே? திருப்பினால் காற்று கூடும். அந்தப் பெயரை நம்பித்தான் செய்திருக்கிறார்கள்.

அதனால்தான் ‘ரெகுலேட்டர்’ என்று அப்படியே விட்டுவிடலாம் என்ற யோசனையை நான் ஏற்கவில்லை. ‘சீராக்கி’யிலும் இதே சிக்கல்தான். ஏற்ற இறக்கம் இல்லாமல் தரும் கருவி என்றுதான் அது காதில் விழும். ஒருவரிடம் குறைத்து இன்னொருவருக்குக் கொடுக்கிறது என்ற செய்தி அதில் இல்லை.

இனி மடைக்கு வருகிறேன். நம் ராமநாதபுரம் மாவட்டத்தில், தண்ணீரைத் திறந்து மூடும் மடையைப் பற்றி யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ‘நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை’ என்று ஆர்.எஸ்.மங்கலம் கண்மாயைச் சொல்லிச் சொல்லி வளர்ந்தவர்கள் நாம். ஒரே வாய்க்காலில் தலைமடைக்காரர் அகலத் திறந்துவிட்டால் கடைமடைக்காரர் வயல் வெடிக்கும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சுரங்கத்தில் நடப்பதும் அதுவேதான்: பக்கத்துப் பிரிவு தலைமடை, தூரத்துப் பிரிவு கடைமடை. இன்னொன்றும் உண்டு. ஊரில் மடையில் கைவைக்கிறவர் நீர்பாய்ச்சி மட்டும்தான். தன் வயல் காய்கிறது என்று அவரவர் போய்ப் பலகையைத் தூக்கினால் பஞ்சாயத்து கூடிவிடும். சுரங்கத்திலும் காற்றோட்டத்துக்குப் பொறுப்பானவரைத் தவிர வேறு யாரும் இந்தப் பலகையைத் தொடக் கூடாது. ‘காற்றுமடை’ என்று சொன்னதும் இந்த ஒழுங்கும் சேர்ந்தே மனதில் வந்துவிடும். வேறு எந்தச் சொல்லிலும் எனக்கு இது கிடைக்கவில்லை.

இந்தச் சொல்லுக்குக் குழுமத்தில் வந்த மறுப்புகளுக்கு வருகிறேன்.

> மடையை மூடினால் தண்ணீர் கண்மாயில் தேங்கி நிற்கும், நாளைக்கு எடுத்துக்கொள்ளலாம். காற்று அப்படித் தேங்குமா?

தொண்டி ஆசிரியர் ஐயா கேட்டது நல்ல கேள்வி. தேங்காது. அதனால்தான் ஒப்பீட்டைக் கண்மாயோடு வைக்காமல் ஓடும் வாய்க்காலோடு வைத்தேன். வாய்க்கால் மடையில் சேமிப்பு கிடையாது, பங்கீடு மட்டுமே. கையேட்டில் இதற்கு ஒரு வரி விளக்கம் சேர்த்துவிடலாம்.

> பொதுப்பணித் துறை வழக்கில் மதகு என்ற சொல் இருக்கிறதே? காற்றுமதகு என்று வைத்தால் என்ன?

கீழக்கரைத் தங்கை சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் மதகு என்றதும் நம் கண்முன் வருவது ஆற்றிலும் பெரிய கண்மாயிலும் நிற்கும் கட்டுமானம். சுரங்கத்தில் இருப்பது ஓர் ஆள் கையால் தள்ளும் பலகை. அளவுக்கு மடைதான் பொருத்தம். விசிறி இருக்கும் முதன்மை வாயில் பெரிய தடுப்புக் கதவு வந்தால், அதற்கு மதகை வைத்துக்கொள்ளலாம்.

> கடற்கரைப் பிள்ளைகளுக்கு மடை தெரியுமா? விவசாயச் சொல்லாகப் போய்விடாதா?

தங்கச்சிமடத்து அண்ணனுக்கு: வாலிநோக்கம் பக்கம் உப்பளத்தில் பாத்திக்குப் பாத்தி மடை வெட்டித்தானே தண்ணீர் விடுகிறார்கள்? அப்புறம், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம்; அந்த நாட்களில் வெளியூர் வேலைக்குப் போகிற பிள்ளைகளையும் மனதில் வைத்துத்தான் எழுதுகிறோம். கடலுக்குப் போகிறவர்களுக்கும் வயல் இருக்கிற மாமன் மச்சான் உண்டு. சொல் அந்நியமாக இருக்காது.

மற்ற சொற்களும் இதே வழியில் வந்தால் ஒரு குடும்பமாக அமையும். நல்ல காற்று உள்ளே வரும் வழி ‘வரத்துவழி’, உழைத்த காற்று திரும்பும் வழி ‘போக்குவழி’. இரண்டும் ஒன்றையொன்று கடக்கும் இடத்தில் கலக்காமல் மேலே கொண்டுபோகும் அமைப்பு ‘காற்றுப்பாலம்’. முழுச்சுவர் ‘அடைப்பு’. முகப்புவரை காற்றை ஒதுக்கிக் கொண்டுபோகத் தொங்கவிடும் துணியைப் ‘படுதா’ என்று சொன்னால் போதும், புதிதாக எதுவும் வேண்டாம்.

இந்தச் சொற்களை விதியில் போட்டுப் பார்த்தேன், ஏனென்றால் தனியாக அழகாக இருந்து வாக்கியத்தில் இடறும் சொல்லால் பயனில்லை:

“ஒவ்வொரு பிரிவிலும் அதிகம் பேர் இருக்கும் ஷிப்டில் ஆளுக்கு நிமிடத்துக்கு 6 கன மீட்டர், அல்லது நாள் உற்பத்தியில் டன்னுக்கு நிமிடத்துக்கு 2.5 கன மீட்டர், இதில் எது கூடுதலோ அந்த அளவு காற்று போக வேண்டும். ஆக்சிஜன் 19 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, கார்பன் டை ஆக்சைடு 0.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பிரிவின் போக்குவழியில் தீப்பற்றும் வாயு 0.75 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. முதன்மை வரத்துவழிக்கும் முதன்மைப் போக்குவழிக்கும் இடையே ஆள் போகும் இடத்தில் இரண்டு கதவு வேண்டும். ஒன்று திறந்திருக்கும்போது மற்றது மூடியிருக்க வேண்டும். காற்றுமடைப் பலகையைப் பொறுப்பாளர் தவிர யாரும் நகர்த்தக் கூடாது.”

முதல் எண்கள் நிலக்கரிச் சுரங்க ஒழுங்குமுறைகளில் உள்ளவை. கடைசி வரி நம் சொற்களில். என் காதுக்கு எங்கும் இடறவில்லை. ஈரக்குமிழ் வெப்பநிலை (ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் அளவு) 30.5 டிகிரியைத் தாண்டினால் காற்று நொடிக்கு 1 மீட்டராவது ஓட வேண்டும், 33.5 டிகிரியைத் தாண்டவே கூடாது என்ற விதியை மடை விளக்கத்துக்குப் பக்கத்திலேயே வைக்க வேண்டும். பலகையைத் திறக்கத் தூண்டுவது புழுக்கம்தான். அதைப் பற்றிப் புகார் சொல்ல உரிமை இருக்கிறது என்று தெரிந்தால் பலகைக்குக் கை போகாது.

கையேட்டின் குவாரிப் பகுதிக்கு இந்தச் சொற்கள் தேவைப்படாது, அங்கே வானம்தான் கூரை. ஆனால் அந்தப் பகுதியில் ஒரு திருத்தம் வேண்டும். ‘சாதாரணக் கல்குவாரிக்குச் சுரங்கச் சட்டம் கிடையாது’ என்று வரைவில் இருப்பது ஆபத்தான வரி. 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த 1952ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டத்தின் விலக்கே நிபந்தனையோடு கூடியதாக இருந்தது: ஆழம் எங்கும் 6 மீட்டரைத் தாண்டக் கூடாது, எந்த நாளிலும் 50 பேருக்கு மேல் வேலை செய்யக் கூடாது, வெடி வைக்கக் கூடாது. ஒன்று மீறினாலும் விலக்கு போய்விடும் என்று இருந்தது. விலக்கு உள்ள குவாரிக்கும் அந்தச் சட்டத்தின் சில பிரிவுகள் பொருந்தின. 18 வயதுக்குக் கீழே யாரையும் வேலைக்கு வைக்கக் கூடாது என்பது அவற்றில் ஒன்று. இன்றைய சட்டத்தோடு சரிபார்த்து இதைத் தடித்த எழுத்தில் போடுங்கள்.

‘போக்குவழி’ மட்டும் போக்குவரத்தோடு குழம்புமா என்று ஒரு யோசனை ஓடுகிறது. ‘கழிகாற்று வழி’ என்பது மாற்று. எது வேண்டும் என்று சொல்லுங்கள். காற்றுமடைக்கு வேறு மறுப்பு இல்லையென்றால் அதை உறுதிசெய்து, படம் வரைகிறவருக்கு அனுப்பிவிடுகிறேன்.